மெஸ் கரண்ட் செலவு மாதம் 6,700 யூனிட்: முதலில் எதில் கை வைப்பது?

கேட்பவர்: விடுதி_சமையல்கட்டு

வணக்கம். கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவில் ஒரு பொறியியல் கல்லூரி விடுதியில் ஒன்பது வருடமாக மெஸ் மேலாளராக இருக்கிறேன். 600 பிள்ளைகள், மூன்று வேளைச் சாப்பாடு, மாலையில் டீ. இத்தனை நாள் கரண்ட் கணக்கு கல்லூரியின் எச்டி (உயர் அழுத்த இணைப்பு) பில்லோடு போய்விடும். கேஸ் மட்டும்தான் மெஸ் செலவில் வரும். ஜூனில் எங்களுக்கென்று தனி சப் மீட்டர் வைத்தார்கள். ஜூலை முழுவதுக்கும் 6,700 யூனிட் காட்டியது. எங்களுடையது டிவைடிங் சிஸ்டம். ஆன செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துப் பிள்ளைகளிடம்தான் வாங்குகிறோம். இதுவும் இனி அவர்கள் தலையில்தான் விழும். மெஸ் பில் கட்டுவதற்காகப் பால் பணம் வரும் நாள்வரை காத்திருக்கும் வீடுகளை எனக்குத் தெரியும்.

என்னிடம் இருப்பவை: 5 எச்பி எக்ஸாஸ்ட் ஒன்று (காலை 5 முதல் இரவு 9 வரை ஓடும்), வாக்-இன் கூலர் (உள்ளே நடந்து போகும் குளிர் அறை) ஒன்று, டீப் ஃப்ரீசர் இரண்டு, பரிமாறும் இடத்தில் 2 கிலோவாட் பெயின் மேரி (சுடுநீரில் பாத்திரத்தை வைத்துச் சாப்பாட்டைச் சூடாக வைக்கும் தொட்டி) மூன்று, டில்டிங் கிரைண்டர் இரண்டு, சாப்பாட்டுக் கூடத்தில் 60 ஃபேன், 40 பழைய டியூப் லைட். கேஸ் மாதம் 78 சிலிண்டர், 19 கிலோ.

அலுவலகத்தில் சொன்ன யோசனை இரண்டு. டியூப் லைட்டை எல்லாம் எல்இடியாக மாற்று, எக்ஸாஸ்டை அவ்வப்போது நிறுத்து. முதலாவது சரி. இரண்டாவதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. தோசைக்கல் பக்கத்தில் நிற்பவர்களுக்கு எக்ஸாஸ்ட் ஓடும்போதே சட்டை நனைந்துவிடுகிறது. அதை நிறுத்திப் பணம் மிச்சம் பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. வேறு எங்கிருந்து தொடங்கலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: வளாக_எலக்ட்ரீஷியன்

சகோதரி, ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் 22 வருடம் மின் பராமரிப்பு பார்த்தவன் நான். எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். இரவு 10 மணிக்கு மீட்டரைப் பார்த்து எழுதுங்கள். காலை 5 மணிக்கு, அடுப்பு மூட்டுவதற்கு முன்னால், மறுபடி எழுதுங்கள். ஒரு வாரம் போதும். அந்த ஏழு மணி நேரத்தில் சமையல் கிடையாது, சாப்பிட ஆளும் கிடையாது. கூலரும் ஃப்ரீசரும் மட்டும்தான் ஓட வேண்டும். உங்களிடம் இருப்பதற்கு இரவுக்குப் பத்து யூனிட் பக்கம் வரலாம். அதற்கு மேல் எவ்வளவு வந்தாலும் யாருக்கும் பயன்படாமல் போகும் கரண்ட். நான் பார்த்த வளாகங்களில் பெரிய ஓட்டை எப்போதும் இந்த நேரத்தில்தான் இருந்தது, அதைப் பகலில் கண்டுபிடிக்கவே முடியாது.

டியூப் லைட்டை மாற்றுங்கள், தப்பில்லை. ஒரு லைட்டுக்கு 25 வாட் குறையும், 40 லைட், நாளைக்கு 8 மணி நேரம் என்றால் மாதம் 240 யூனிட் வரை மிச்சம். அதே கூடத்தில் 60 ஃபேனும் 75 வாட் பழைய ரகம் என்றால் பிஎல்டிசி ஃபேன் (கரண்ட் குறைவாக இழுக்கும் புது ரகம்) 30 வாட்டில் ஓடும். அதில் மாதம் 640 யூனிட்டுக்கு மேல் நிற்கும். லைட்டை விட ஃபேன் பெரிது. மொத்தமாக மாற்றப் பணம் இல்லையென்றால், பழுதாகிற ஃபேனுக்குத் திரும்பக் காயில் (மோட்டார் கம்பிச்சுருள்) கட்டாமல் ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

எக்ஸாஸ்டை நிறுத்தாதீர்கள், நீங்கள் சொன்னதுதான் நியாயம். நிறுத்தினால் வெக்கை மட்டுமல்ல, அடுப்புப் புகையும் உள்ளேயே தங்கும். ஆனால் வேகத்தைக் குறைக்கலாம். மோட்டாருக்கு ஒரு விஎஃப்டி (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) போடச் சொல்லுங்கள். ஃபேன் இழுக்கும் கரண்ட் வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப மாறும். 80 சதவீத வேகத்தில் ஓட்டினால் (0.8 × 0.8 × 0.8) கரண்ட் ஏறக்குறைய பாதியாகிவிடும். உங்கள் 16 மணி நேரத்தில் எல்லா அடுப்பும் சேர்ந்து எரிவது ஏழு மணி நேரம் இருக்குமா? அப்போது முழு வேகம். டீ மட்டும் கொதிக்கும்போது, காய் நறுக்கும்போது குறைந்த வேகம். அதற்கு முன்னால் அடுப்புக்கு மேலே உள்ள ஹூட்டில் (புகைக்கூண்டு) இருக்கும் ஃபில்டரைக் கழற்றி வெந்நீரும் சோடாவும் போட்டுக் கழுவுங்கள். எண்ணெய்ப் பிசுக்கில் அடைத்த ஃபில்டரை வைத்துக்கொண்டு வேகத்தைக் குறைத்தால் புகை வெளியே போகாது.

இன்னொன்று. எச்டி பில்லில் யூனிட்டுக்கு ஒரு கணக்கு, டிமாண்டுக்கு (ஒரே நேரத்தில் இழுக்கும் அதிகபட்ச கரண்ட்) தனிக் கணக்கு. காலை ஆறு மணிக்கு விடுதி கீசர்கள், தண்ணீர் மோட்டார், உங்கள் கிரைண்டர் எல்லாம் ஒன்றாக ஓடினால் டிமாண்டு ஏறும். மாவை மதியம் இரண்டு மணிக்கு ஆட்டிப் பாருங்கள். யூனிட் குறையாது, ஆனால் கல்லூரிக்கு உதவும். விஎஃப்டிக்குப் பணம் கேட்கப் போகும்போது இதைச் சொல்லிக் கேளுங்கள்.

பதில் 2: பெரிய_அடுப்பு

அம்மிணி, நான் ஈரோட்டுப் பக்கம். கல்யாண சமையலில் தொடங்கி இப்போது ஒரு கல்லூரி கேண்டீன் வைத்திருக்கிறேன். கரண்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்களே, கேஸை விட்டுவிட்டீர்கள். ஒரு கிலோ கேஸில் ஏறக்குறைய 12.8 யூனிட் அளவுக்குச் சூடு இருக்கிறது. 19 கிலோ சிலிண்டருக்கு 240 யூனிட் வைத்துக்கொள்ளுங்கள். 78 சிலிண்டருக்கு 18,700 யூனிட். உங்கள் கரண்டைப் போல இரண்டே முக்கால் மடங்கு. அதில் பாதிக்கு மேல் பாத்திரத்தில் ஏறாமல் சுற்றிலும் காற்றில்தான் போகிறது.

முதலில் மூடி. பெரிய அண்டாவில் சாம்பார் தளதளவென்று கொதிப்பதைப் பார்த்தால் மாஸ்டருக்கு வேலை நடக்கிற மாதிரி இருக்கும். ஆனால் தண்ணீர் கொதித்த பிறகு தீயைக் கூட்டினாலும் சூடு நூறைத் தாண்டாது, பருப்பு சீக்கிரம் வேகாது, ஆவிதான் கூடும். பத்து லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போக ஒரு கிலோவுக்கு மேல் கேஸ் செலவாகிறது. நான் கணக்குப் போட்டுப் பார்த்த அன்றைக்கே எல்லா அண்டாவுக்கும் அலுமினிய மூடி செய்யக் கொடுத்துவிட்டேன். கொதி வந்ததும் தீயைப் பாதிக்கு இறக்குவது எங்கள் சமையல்கட்டில் இப்போது சட்டம். அரிசியை அரை மணி ஊறவைத்துப் போடுங்கள், வேகிற நேரம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் குறையும். பாத்திரத்தின் அடி கருத்தால், தீ மஞ்சளாக எரிந்தால், பர்னரையும் ஜெட்டையும் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

சிலிண்டர் வேர்த்து வெளியே பனி படிகிறதா? ஒரே சிலிண்டரிலிருந்து வேகமாக இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். உள்ளே கேஸ் குளிர்ந்துபோய் மேலே வராது. தீ இறங்கியதும் காலி என்று நினைத்துக் கழற்றிக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு மூன்று கிலோ உள்ளேயே இருக்கும்போது காசு கொடுத்த கேஸ் வண்டியேறிப் போகும். திரும்பப் போகும் சிலிண்டர்களை ஒரு வாரம் தராசில் வைத்துப் பாருங்கள், காலி எடை மேலேயே எழுதியிருக்கும். மேனிஃபோல்டில் (பல சிலிண்டரை ஒன்றாக இணைக்கும் குழாய்) ஒரு நேரத்தில் இன்னும் இரண்டு சிலிண்டர் சேர்த்துத் திறந்துவிட்டால் சரியாகும். பனி படிந்த சிலிண்டர்மேல் கொதிக்கும் தண்ணீர் ஊற்றுவதை மட்டும் யாரும் செய்ய விடாதீர்கள். பயங்கர ஆபத்து.

அப்புறம் ஆள் கணக்கு. வெள்ளிக்கிழமை இரவு 600 பேருக்குச் சமைத்து 380 பேர் சாப்பிட்டால், மிஞ்சிய சாம்பாரோடு அதற்கு எரிந்த கேஸும் கீழேதான் போகிறது. மதியம் மூன்று மணிக்குள் பிள்ளைகள் ஊருக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டால் அந்த வேளைக்குக் காசு கழிப்போம் என்று அறிவித்தேன். ஒரே மாதத்தில் பழகிவிட்டார்கள்.

பதில் 3: விடுதி_சமையல்கட்டு

இருவருக்கும் மிகவும் நன்றி. மூன்று வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன்.

இரவுக் கணக்கு எடுத்தேன். அண்ணன் சொன்ன பத்துக்குப் பதிலாக 28 யூனிட்! சராசரி அல்ல, ஏழு நாளும் ஏறக்குறைய அதே எண். எங்கள் எலக்ட்ரீஷியன் தம்பி இரவு 11 மணிக்கு வந்து கிளாம்ப் மீட்டர் வைத்து ஒவ்வொரு லைனாகப் பார்த்தான். மொட்டை மாடியில், சமையல்கட்டுக்கு வெளிக்காற்று தள்ளும் 2 எச்பி ப்ளோயர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் ஸ்டார்ட்டர் பூட்டிய ஸ்டோர் ரூமுக்குள் இருக்கிறது. அதை நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை, எத்தனை வருடமாக ஓடியதோ. இரவுக்கு 11 யூனிட் அது மட்டும். இப்போது டைமர் போட்டாயிற்று, எக்ஸாஸ்டோடு சேர்ந்து ஓடி, சேர்ந்து நிற்கும். தண்ணீர் கூலர்கள் 3 யூனிட், அதையும் இரவில் நிறுத்துகிறோம்.

பெயின் மேரியைப் பரிமாறுவதற்கு ஒன்றரை மணி முன்னால் பச்சைத் தண்ணீர் ஊற்றிப் போட்டுவிடுவது வழக்கம். இப்போது கொதிநீர் ஊற்றி அரை மணி முன்னால் போடுகிறோம். சாப்பாடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதால் தினமும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிறேன், இறங்கவில்லை.

மூடி விஷயத்தில் மாஸ்டருக்கு முதலில் வருத்தம். மூடி வைத்தால் பொங்குவது தெரியாது என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சாதத்துக்கு மட்டும் பாதி திறந்து வைக்கிறார், பருப்புக்கும் சாம்பாருக்கும் முழுவதும் மூடுகிறார். சிலிண்டரைத் தராசில் வைத்தேன். ஒன்பதில் நான்கில் இரண்டு கிலோவுக்கு மேல் இருந்தது. மேனிஃபோல்டை மாற்ற ஏஜென்சிக்காரரை வரச் சொல்லியிருக்கிறேன். இந்த மாதம் 70 சிலிண்டரோடு நிற்கும் போலிருக்கிறது.

விஎஃப்டிக்கு அலுவலகம் இன்னும் பதில் சொல்லவில்லை. ஃபில்டரைக் கழுவிய அன்று தோசைக்கல் அக்கா, "இன்னைக்குத்தான் கண்ணு எரியல" என்று சொன்னார்.

ஒரு சந்தேகம் பாக்கி. கூலர், ஃப்ரீசர் 10, ப்ளோயர் 11, தண்ணீர் கூலர் 3 போக, இரவில் இன்னும் 4 யூனிட் எங்கோ போகிறது. கைகழுவும் இடத்து லைன் மேல் எனக்குச் சந்தேகம். எதைப் பார்க்க வேண்டும் அண்ணா?