ஊராட்சி போர்வெல் மோட்டார் எரிந்துவிட்டது: தீர்மானம், காசோலை, துணைத் தலைவர் கையெழுத்து, எது முதலில்?

கரிசல்மண் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். தென்காசி மாவட்டத்தில் சங்கரன்கோவில் பக்கம் ஒரு சின்ன ஊராட்சி எங்களுடையது. மக்கள்தொகை 1,900 சொச்சம், ஒன்பது வார்டு. 2021 அக்டோபரில் ஒன்பது மாவட்டங்களுக்குத் தனியாக நடந்த தேர்தலில் ஜெயித்துத் தலைவர் ஆனேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், இத்தனை வருஷமும் யூனியன் ஆபீஸ், மோட்டார் ரூம், கான்ட்ராக்டர் எல்லாம் என் வீட்டுக்காரர்தான் பார்த்தார். நான் காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ஜூன் மாதம் அவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். அப்புறம்தான் நானே ஆபீஸில் போய் உட்கார்ந்தேன். இனிமேல் நான்தான் பார்ப்பது என்று முடிவும் பண்ணிவிட்டேன்.

இப்போது பிரச்சினை இது. போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பெரிய டேங்குக்குத் தண்ணீர் ஏற்றும் 7.5 எச்பி போர் மோட்டார் எரிந்துவிட்டது. ஆற்றுத் தண்ணீர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வாரம் இரண்டு நாள்தான் வரும், மற்ற நாளெல்லாம் புழங்குவதற்கு இந்த போர் தண்ணீர்தான். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கே வீட்டு வாசலில் குடத்தோடு நிற்கிறார்கள். மெக்கானிக் தூக்கிப் பார்த்துவிட்டு, காயில் முழுக்கப் போச்சு, ரீவைண்டிங் (செம்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றுவது), ஏற்ற இறக்கக் கூலி எல்லாம் சேர்த்து 14,500 ஆகும் என்றார். ஊராட்சிச் செயலர், தீர்மானம் இல்லாமல் செலவு பண்ண முடியாது, கூட்டம் அடுத்த வாரம்தான் என்கிறார். காசோலையில் நானும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போடணும், அவர் பில்லைப் பார்க்காமல் போட மாட்டேன் என்கிறார். பில் வேண்டுமென்றால் வேலை முடியணும், வேலை முடியணும் என்றால் மெக்கானிக்குப் பாதிப் பணமாவது தரணும். நான் என் கைக்காசு 6,000 கொடுத்து வேலையை ஆரம்பிக்கச் சொல்லிவிட்டேன். இது தப்பா? அந்தப் பணத்தை எப்படித் திரும்ப எடுப்பது? அடுத்த தடவை இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்யணும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை.

பழைய விரிவாக்க அலுவலர் எழுதியது:

அம்மா, முதலில் பயப்படாதீர்கள், நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-லேயே தலைவருக்கு அவசர அதிகாரம் இருக்கிறது. மக்களின் உடல்நலம், பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, உடனே செய்தாக வேண்டியது என்றால் மன்றத்தின் ஒப்புதலுக்குக் காத்திருக்காமல் வேலையைச் செய்யச் சொல்லலாம். அடுத்து வரும் கூட்டத்தில் என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்று வைக்க வேண்டும். மன்றம் ஏற்கெனவே வேண்டாம் என்று முடிவு செய்த ஒன்றை மட்டும் இதைச் சொல்லிச் செய்ய முடியாது. குடிநீர் மோட்டார் எரிவதைவிட வேறு எது அவசரம்?

ஆனால் காகிதம் வேலையோடு சேர்ந்தே நடக்க வேண்டும். பின்னால் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால்தான் தணிக்கையில் மாட்டுவது. இன்றைக்கே உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதுங்கள்: எந்தத் தேதி, எத்தனை மணிக்கு மோட்டார் நின்றது, டேங்க் ஆப்பரேட்டர் யாரிடம் சொன்னார், எந்தெந்தத் தெருவுக்குத் தண்ணீர் இல்லை, மெக்கானிக் சொன்ன மதிப்பு என்ன. ஆப்பரேட்டர் கையெழுத்து, உங்கள் கையெழுத்து, தேதி. அதன் நகலை வட்டார வளர்ச்சி அலுவலருக்கு, அதாவது பிடிஓவுக்கு (யூனியன் ஆபீஸ் தபாலில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்) அனுப்புங்கள். கூட்டத்தில் தனிப் பொருளாக வைத்துப் பின்னேற்பு (செய்து முடித்த செலவுக்கு மன்றத்தின் ஒப்புதல்) வாங்குங்கள். தீர்மானத்தில் "மோட்டார் பழுது பார்த்த செலவு" என்று மொட்டையாக எழுதாமல், எந்த போர், எத்தனை எச்பி, என்ன பழுது, எந்தக் கணக்கிலிருந்து என்று எழுதச் சொல்லுங்கள்.

கைக்காசு விஷயம். இனிமேல் அதைச் செய்யாதீர்கள். ஊராட்சிப் பணமும் வீட்டுப் பணமும் கலந்தால் நல்லவர்களுக்குத்தான் கெட்ட பேர் வரும். மெக்கானிக் 14,500-க்கு முழு பில் ஊராட்சி பேரில் தரட்டும். காசோலை அவர் பேருக்கே போகட்டும், உங்கள் 6,000-ஐ அவர் உங்களுக்குத் திருப்பித் தரட்டும். இதையும் துணைத் தலைவரிடம் மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நிதி பற்றி ஒன்று. மத்திய அரசின் 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 2021-26 காலத்துக்கு 60 சதவீதம் நிபந்தனையோடு வருவது. அதில் பாதி குடிநீருக்கு, பாதி சுகாதாரத்துக்கு. குடிநீர்ப் பங்கில் இந்த மாதிரிப் பராமரிப்புக்கு இடம் உண்டு. உங்கள் கிராம வளர்ச்சித் திட்டத்தில் அந்த வேலை சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கணக்கில் பணம் போவது ஆன்லைனில், டிஜிட்டல் கையொப்பத்தில்தான். அந்தக் கையொப்பத்துக்கான சாவி (பென் டிரைவ் மாதிரி இருக்கும்) இப்போது யார் கையில் இருக்கிறது? வேறு யாரிடமாவது இருந்தால் இன்றைக்கே வாங்கி உங்கள் பீரோவில் வையுங்கள்.

நானும் துணைத் தலைவர்தான் எழுதியது:

அக்கா, நான் கள்ளக்குறிச்சி மாவட்டம். உங்கள் துணைத் தலைவர் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை.

எங்கள் ஊரில் முதல் வருஷம், தலைவர் வெளியூர் போகிறார், அவசரம் என்று சொல்லி, தொகை எழுதாத அஞ்சு காசோலையில் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். நானும் நம்பிப் போட்டேன். எட்டு மாதம் கழித்துத் தணிக்கையில் தெருவிளக்கு வாங்கியதற்கு இருப்புப் பதிவேட்டில் வரவே இல்லை என்று தடை (ஆட்சேபணை) எழுதினார்கள். எத்தனை பல்பு வந்தது, எந்தக் கம்பத்தில் போட்டது என்று என்னைக் கேட்டால் எனக்கு என்ன தெரியும்? என் கையெழுத்து மட்டும் தெளிவாக இருந்தது. மூன்று மாதம் தூக்கம் இல்லை, எங்க அம்மா கோயில் கோயிலாகப் போனார்கள். கடைசியில் தெருத் தெருவாகப் போய்க் கம்பத்தை எண்ணி, பழைய பில்லைத் தேடி எடுத்துப் பதில் கொடுத்தோம்.

அதற்கப்புறம் பில் இல்லாமல் நானும் கையெழுத்துப் போடுவதில்லை. அதனால் அவர் உங்களை எதிர்க்கிறார் என்று நினைக்காதீர்கள். நாலு வருஷமாக உங்கள் வீட்டுக்காரரிடம் பேசிப் பேசி அவருக்குச் சந்தேகம் பழகியிருக்கலாம். நீங்களே அவர் வீட்டுக்குப் போய், அண்ணே, மோட்டார் ரூமுக்கு வாங்க, எரிந்த காயிலைப் பாருங்க என்று கூப்பிடுங்கள். எரிந்த மோட்டாரைக் கண்ணால் பார்த்தவர் காசோலையில் கையெழுத்துப் போட மறுத்து நான் பார்த்ததில்லை.

எல்லாம் காட்டியும், தீர்மானம் ஆகியும் மறுத்தால் அது வேறு கதை. காரணத்தை எழுத்தில் கேளுங்கள், பிடிஓவுக்கும் கலெக்டருக்கும் எழுதுங்கள். ஊராட்சிகளின் ஆய்வாளர் கலெக்டர்தான். ஊராட்சிகள் சட்டத்தின் 203-ஆவது பிரிவில் காசோலை அதிகாரத்தை வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கொடுத்து உத்தரவு போடுவது எத்தனையோ ஊரில் நடந்திருக்கிறது. ஆனால் அது வந்தால் உங்கள் கையிலிருந்தும் போய்விடும், ஊருக்கு நல்லதில்லை. அதுவரை கொண்டு போகாதீர்கள்.

போர்வெல் மெக்கானிக் எழுதியது:

தங்கச்சி, எல்லாரும் காகிதத்தைச் சொன்னார்கள், நான் மோட்டாரைச் சொல்கிறேன். இருபது வருஷமாக ஊராட்சி மோட்டார் தூக்குகிறேன். பத்தில் எட்டு எரிவது மூன்று பேஸ் கரண்டில் ஒரு பேஸ் போன பிறகும் ஓடுவதால்தான். ராத்திரி ஆட்டோ ஸ்டார்ட்டரில் விட்டுவிட்டு ஆப்பரேட்டர் தூங்கப் போவார், நடுவில் ஒரு பேஸ் போகும், மோட்டார் முனகிக்கொண்டே சூடாகிக் காயில் கருகும். சிங்கிள் பேஸ் பிரிவென்டர் (ஒரு பேஸ் போனால் மோட்டாரைத் தானே நிறுத்தும் கருவி) போர்டில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும், ஆனால் ஒரு தடவை தொந்தரவு பண்ணியது என்று வயரை மாற்றி அதை ஒதுக்கிவிட்டிருப்பார்கள். போர்டைத் திறந்து உங்கள் கண் முன்னால் இணைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, சரியாகி ஓட்டும் முதல் நாளே ஆம்ப் மீட்டர் (மோட்டார் இழுக்கும் கரண்டைக் காட்டுவது) எவ்வளவு காட்டுகிறதோ அதை மோட்டார் ரூம் சுவரில் பெயிண்டில் எழுதி வையுங்கள். தினமும் ஆப்பரேட்டர் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அதைவிட ஏறினால் ஏதோ இழுக்கிறது, இறங்கினால் போரில் தண்ணீர் குறைகிறது. நாற்பது பக்க நோட்டு ஒன்றை ஆணியில் மாட்டிப் போட்ட நேரம், நிறுத்திய நேரம் எழுதச் சொல்லுங்கள். நான் வேலை பார்க்கும் ஒரு ஊராட்சியில் இதை மட்டும்தான் செய்தார்கள், மூன்று வருஷமாக அந்த மோட்டாரை நான் தூக்கவில்லை.

அப்புறம், எரிந்த செம்புக் கம்பி உங்கள் ஊராட்சிச் சொத்து. எடை போட்டு வாங்கி இருப்பில் வையுங்கள், இல்லை பில்லில் கழிக்கச் சொல்லுங்கள். என் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பிடிக்காது, ஆனாலும் சொல்கிறேன்.

மாஜி தலைவர், திண்டுக்கல் மாவட்டம் எழுதியது:

மோட்டார் ஓடின உடனே குழாயைத் திறந்து விடாதீர்கள் சகோதரி. அஞ்சாறு நாள் காலியாகக் கிடந்த தொட்டி, அடியில் சேறு நிற்கும். இறங்கிக் கழுவச் சொல்லுங்கள், கழுவிய தேதியும் அடுத்துக் கழுவ வேண்டிய தேதியும் தொட்டியின் காலில் எழுதச் சொல்லுங்கள். பிளீச்சிங் பவுடர் ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் என்று நாங்கள் போடுவோம், 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். பொடியாக அப்படியே கொட்டக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, கசடு அடியில் தங்கின பிறகு தெளிந்த தண்ணீரை மட்டும் ஊற்றணும். கடைசித் தெருக் குழாயில் பிடித்துச் சோதித்தால் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் காட்டணும். முதல் குழாயில் பார்த்துவிட்டுத் திருப்திப்பட வேண்டாம், கடைசியில் இருக்கிற தெரு எப்போதும் யாருடைய தெரு என்று உங்களுக்கே தெரியும்.

செலவுக்கு ஒரு வழி. வருஷ ஆரம்பக் கூட்டத்திலேயே மோட்டார், பைப், வால்வு பழுதுக்கு மூன்று பேரிடம் விலைப்புள்ளி வாங்கி, யார் செய்வது, என்ன ரேட் என்று தீர்மானம் போட்டுவிட்டால் ராத்திரி பத்து மணிக்கு எரிந்தாலும் போன் போட்டால் போதும். நாங்கள் இரண்டாவது வருஷத்திலிருந்து அப்படித்தான் செய்தோம். வீட்டு வரி நிலுவையை வசூலித்து ஒரு மாற்று மோட்டாரும் வாங்கி வைத்தோம்.

எங்கள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்கப்புறம் தனி அலுவலர் (தலைவருக்குப் பதில் அரசு போட்ட அதிகாரி) பொறுப்பு. அவருக்கு எத்தனையோ ஊராட்சி, எங்கள் ஊரில் தண்ணீர் வராவிட்டால் வாசலில் குடத்தோடு வந்து நிற்பதற்கு ஆள் இல்லை. உங்கள் வாசலில் வந்து நிற்கிறார்களே, அது நல்ல விஷயம். உங்கள் பதவிக்காலம் 2026 அக்டோபர் வரை. யூனியன் ஆபீஸில் உங்கள் போன் நம்பரைக் கொடுங்கள், வீட்டுக்காரர் நம்பரை நீக்கச் சொல்லுங்கள்.

கரிசல்மண் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அஞ்சு நாள் கழித்து எழுதுகிறேன்.

துணைத் தலைவர் அண்ணனை நானே போய்க் கூப்பிட்டேன். மோட்டார் ரூமுக்கு வந்தார், போர்டைத் திறந்தார்கள், மெக்கானிக் அண்ணன் சொன்ன மாதிரியே பிரிவென்டர் வயர் தனியாகத் தொங்கியது. எப்போது எடுத்தது என்று ஆப்பரேட்டரிடம் கேட்டால் இரண்டு வருஷம் என்கிறார், அவரைத் திட்டவில்லை, அவருக்கு யாரும் இதைச் சொல்லியே தரவில்லை. நான் கொடுத்த 6,000 பற்றியும் அங்கேயே சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், முதலிலேயே என்னிடம் சொல்லியிருந்தால் நானும் பாதி போட்டிருப்பேனே என்றார்.

வியாழக்கிழமை கூட்டம். ஒன்பது பேரில் எட்டுப் பேர் வந்தார்கள். கருகிய கம்பியை மேஜை மேலேயே வைத்தோம், எடை நாலே கால் கிலோ, இருப்புப் பதிவேட்டில் ஏற்றியாயிற்று. தீர்மானத்தை நானே வாசித்தேன், நாலு வருஷத்தில் முதல் தடவை. ஏழாவது வார்டு உறுப்பினர் அம்மா, எங்க தெருக் குழாயில் குளோரின் பார்த்தீங்களா என்று கேட்டார்கள். எனக்கு அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்திருந்தது, ஏனென்றால் அன்றைக்குக் காலையில்தான் அவங்க தெருவில் தண்ணீர் பிடித்துச் சோதித்திருந்தோம். குளோரின் இருந்தால் சோதிக்கும் தண்ணீர் மஞ்சளாகும், மஞ்சள் லேசாகத்தான் வந்தது, இன்னும் கொஞ்சம் போடச் சொல்லியிருக்கிறேன்.

டிஜிட்டல் சாவி யூனியன் பக்கத்துக் கம்ப்யூட்டர் கடையில் இருந்தது. வாங்கிவிட்டேன்.

அடுத்து வீட்டு வரி. கேட்புப் பட்டியலையும் (எந்த வீடு எவ்வளவு கட்டணும் என்ற பட்டியல்) நிலுவையையும் எடுத்து வைத்திருக்கிறேன், பாதி வீடு மூன்று வருஷமாகக் கட்டவில்லை, என் கொழுந்தன் வீடும் அதில் இருக்கிறது. முதலில் அங்கேதான் போகப் போகிறேன். அக்டோபர் 2 கிராம சபைக்குள் எவ்வளவு வந்தது என்று படிவம் 30-ஓடு (ஊராட்சி வரவு செலவுக் கணக்கு) சேர்த்து எழுதித் தொங்கவிடணும். எங்கள் மக்கள்தொகைக்கு 100 பேர் வந்தால்தான் சபை செல்லும், போன தடவை கையெழுத்து நோட்டை வீடு வீடாகக் கொண்டுபோனார்கள். இந்தத் தடவை வீடு வீடாக நான் போய்க் கூப்பிடுவேன். வசூலுக்குப் போகும்போது என்ன சொல்லிக் கேட்பது, கட்ட முடியாதவர்களிடம் எப்படிப் பேசுவது என்று அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.