கொக்கூனிங் தடுப்பூசி: தமிழில் என்ன?

கொன்றை:
வணக்கம். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்களின் குடும்பத்தாருக்கு ஒரு துண்டறிக்கை, வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். முதல் 6 மாதம் நோயாளிக்கே ஃப்ளூ ஊசி போட்டாலும் சரியாக வேலை செய்யாது, அதனால் வீட்டில் மற்ற எல்லாரும் போட்டுக்கொண்டு அவரைக் காப்பதைத்தான் கொக்கூனிங் என்கிறார்கள். கொக்கூன் என்றால் பட்டுப்புழுவின் கூடு, அதனால் 'கூட்டுத் தடுப்பூசி' என்று போட்டுவிடவா?

நெய்தல்:
வேண்டாம். கூடு நெடில்தொடர்க் குற்றியலுகரம், டகரம் இரட்டும், புணர்ச்சி சரிதான். ஆனால் பென்டாவேலன்ட் மாதிரி 5 நோய்க்கு ஒரே ஊசி என்றுதான் படிப்பார்கள். 'சுற்றத் தடுப்பூசி' என்று வையுங்கள். 'சுற்றத்தால் சுற்றப்பட ஒழுகல்' என்று வள்ளுவரே சொல்லிவிட்டார். சுழி, சுழல், சூழ், சுற்று எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை என்பார்கள், சுரை என்பதும்கூட...

பாலை:
ஐயா, சுரைக்காய்க்குள் இறங்கினால் வெள்ளிக்கிழமை போய்விடும். பெரியம்மையை ஒழித்தபோது நோயாளியைச் சுற்றியிருந்தவர்களுக்குக் குத்தினார்களே, வளையத் தடுப்பூசி, அதோடு இது குழம்பும். அங்கே நடுவில் நோய், வெளியே போகாமல் வளைத்தார்கள். இங்கே உள்ளே வராமல் தடுக்கிறோம். அப்புறம் சமைக்க வரும் அக்கா சுற்றமா? அவருக்கும் ஊசி வேண்டும். வைரஸைக் கொண்டுவருவது பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகிற பேரன்தான், மூக்கொழுகலோடு தாத்தா மடியில் ஏறுவான். பிள்ளைகள் பெரியவர்களைவிடக் கூடுதல் நாள் வைரஸை வெளியேற்றுவார்கள்.

சொல்லை விடுங்கள், இதை மறக்காமல் சேருங்கள்: மூக்கில் அடிக்கும் ஃப்ளூ மருந்தில் இருப்பது வலுக்குறைத்த உயிருள்ள வைரஸ். தனியறையில் வைத்துக் காக்கும் அளவுக்கு எதிர்ப்பாற்றல் சரிந்தவர் இருக்கும் வீட்டில் அது வேண்டாம், ஊசிதான். சாதாரண சளி வைரஸ்களுக்கு ஊசியே கிடையாது, அதற்குக் கை கழுவலும் முகக்கவசமும்.

முல்லை:
'அரண் ஊசி'. யாருக்கும் புரியும்.

நெய்தல்:
அரண் சரி என்றே வைத்தாலும் வைரஸ் எதற்கு? தீநுண்மி இருக்கிறதே.

கொன்றை:
தீநுண்மி என்று போட்டால் இது வேறு என்ன வியாதி என்று வார்டில் கேட்பார்கள் ஐயா. வைரஸ் இருக்கட்டும். 'வீட்டார் அரண் ஊசி' என்று தலைப்பு, கீழே ஒரு வரி விளக்கம். பாலையும் முல்லையும் சரி என்கிறார்கள், அனுப்பிவிடுகிறேன்.

நெய்தல்:
என் மறுப்பு இருக்கட்டும். அரண் அசையாமல் நிற்கிற மதில். உங்கள் வீட்டார் காலையில் பஸ் ஏறிப் போய் ராத்திரி திரும்புகிறவர்கள்.