லோரோங் கூலிட்ல பழைய பட்டாளத்து பேக்: நம்ம காட்டுக்குத் தாங்குமா?

ஜெலுத்தோங்பையன்:
அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். பினாங்கு லோரோங் கூலிட் பழைய சாமான் பசார்ல ரெண்டு பேக் பார்த்து வச்சிருக்கேன். ஒண்ணு அமெரிக்கா பட்டாளத்து ஆலிஸ் வகை பேக், லார்ஜ் சைஸ், அலுமினியம் ஃபிரேமோட, 180 வெள்ளி (ரிங்கிட்). இன்னொண்ணு பிரிட்டிஷ் பட்டாளத்து முதுகுப் பை, பெர்கன்னு சொல்வாங்க, பச்சையும் பழுப்புமா திட்டுத் திட்டா இருக்கு, ரெண்டு பக்கமும் ஜிப்புல கழட்டுற பை, 220 வெள்ளி. என் உயரம் 5 அடி 5, எடை 63 கிலோ. நுவாங் மலையில ஒரு ராத்திரி, பிறகு மெராப்போ வழியா தாஹான் மலை, இதுக்குத்தான் வேணும். மாமாவுக்குத் தோட்டத்துப் பக்கம் காட்டுப்பன்றி லைசன்ஸ் இருக்கு, அவர்கூடப் போனா இறைச்சி தூக்கவும் இதே பேக் ஆகுமான்னு பார்க்கிறேன். எதை வாங்கலாம்? வாங்குறதுக்கு முன்ன எதைப் பார்க்கணும்?

நுவாங்_நடையன்:
தம்பி, காசு கொடுக்கிறதுக்கு முன்ன பேக்கை உள்பக்கம் வெளியே வர்ற மாதிரி திருப்புங்க. கடைக்காரர் முகம் சுளிச்சாலும் பரவாயில்ல. துணியோட உள்பக்கம் பாலியூரிதீன் பூச்சு இருக்கும். ஈரக் காத்துல வருஷக் கணக்கா கிடந்தா அது தானா சிதையும். கட்டைவிரலை வச்சு பத்து விநாடி அழுத்திட்டு எடுங்க. பிசுபிசுன்னு ஒட்டுனா, இல்ல வெள்ளைச் செதில் கையோட வந்தா, பூச்சு போச்சுன்னு அர்த்தம். புளிச்ச வாந்தி மாதிரி ஒரு வாடை வரும், அதுவும் இதே சங்கதிதான். யாரும் உள்ள வாந்தி எடுக்கல, எத்தனை தடவை சோப்பு போட்டாலும் அந்த வாடை போகாது. குளிர் நாட்டுக் கிடங்குல முப்பது வருஷம் நல்லா இருந்த பேக்கும் நம்ம ஊர் ஸ்டோர் ரூம்ல ரெண்டு மூணு வருஷத்துல இந்தக் கதிக்கு வந்துடும்.

அடுத்தது ஆலிஸோட ஃபிரேம். பையைக் கழட்டச் சொல்லுங்க. மேல்பக்கம் ஒரு உறை மாதிரி ஃபிரேம் தலையில மாட்டியிருக்கும், கீழ ரெண்டு பக்கமும் வார். வெறும் ஃபிரேமை ரெண்டு கையாலயும் பிடிச்சு துணி பிழியுற மாதிரி முறுக்குங்க. லேசா கீச்சுனா கவலை வேணாம். ரிவெட் ஆடுனா, இல்ல ரிவெட்டைச் சுத்தி முடி மாதிரி ஒரு கோடு தெரிஞ்சா வேணாம். கீழ் வளைவுலதான் பாரம் முழுக்க இறங்குது, அங்க குழாய் நசுங்கியிருக்கான்னு விரலால தடவிப் பாருங்க, பெயின்ட்டுக்கு அடியில கண்ணுக்குத் தெரியாது.

அசலா போலியான்னு லேபிள் சொல்லும். என்எஸ்என்னு (நேட்டோ சரக்கு எண்) 13 இலக்க எண் ஒண்ணு, 8465ன்னு ஆரம்பிக்கும். அடுத்த ரெண்டு இலக்கம் நாடு: 01 அமெரிக்கா, 99 பிரிட்டன், 12 ஜெர்மனி. அமெரிக்க லேபிள்ல ஒப்பந்த எண்ணும் இருக்கும். டிஎல்ஏங்கிறது அமெரிக்கப் பட்டாளத்துக்குச் சாமான் வாங்குற ஏஜென்சி. டிஎல்ஏ100-85-சின்னு போட்டிருந்தா 1985ஆம் வருஷ ஒப்பந்தம். டிஎஸ்ஏன்னு இருந்தா 1977க்கு முந்தினது, அதுதான் அந்த ஏஜென்சியோட பழைய பேர், அப்புறம்தான் மாத்துனாங்க. லேபிள் கிழிஞ்சு போனதாலேயே போலின்னு சொல்ல முடியாது. அதுக்காக லேபிள் இல்லாத பேக்குக்கு லேபிள் விலை கொடுக்க வேண்டியதில்ல.

பூச்சு கெட்டு ஃபிரேம் நல்லா இருந்தா 100 வெள்ளிக்குக் கேளுங்க. பூச்சு இல்லாமலும் சமாளிக்கலாம். ஃபிரேம் போனா அது வெறும் சாக்கு.

கெப்போங்_கரடி:
நடையன் அண்ணே சொன்னது சரி, ஆனா தம்பி உயரத்தை யாரும் கவனிக்கல. ஆலிஸ்ல லார்ஜ் 60 லிட்டருக்குக் கொஞ்சம் மேல, மீடியம் 40க்குக் கொஞ்சம் கீழ. 63 கிலோ ஆளுக்குப் பொதுவா சொல்ற கணக்குப்படி சுமை 13 கிலோ, இழுத்துப் பிடிச்சா 15. லார்ஜ் பை காலியா இருந்தா எதையாவது அடைக்கத் தோணும், இதுதான் முதல் ஆபத்து. அதுக்கு உள்ளயே மருந்து இருக்கு. பையோட உள்ள கயிறும் அடியில வளையமும் பாருங்க. கயிறை வளையத்துல கட்டுனா பை குட்டையாகும். பல பேர் அதை என்னன்னு தெரியாம வெட்டி எறிஞ்சிடுறாங்க, வாங்கும்போது இருக்கான்னு பார்த்துக்குங்க.

முதுகு நீளத்தை அளந்துட்டுப் போங்க. தலையைக் குனிஞ்சா கழுத்தடியில துருத்துற எலும்பு, அங்கிருந்து இடுப்பெலும்போட மேல் விளிம்பு மட்டம் வரைக்கும் டேப்பு. பெர்கன்ல லாங் பேக், ஷார்ட் பேக்னு ரெண்டு இருக்கு, லேபிள்லயே போட்டிருக்கும். ஷார்ட் பேக்கை குள்ளமான ஆளுக்குன்னு நினைச்சு வாங்குறாங்க. சிப்பாய் இடுப்புல தோட்டா பையெல்லாம் கட்டியிருப்பான், அதுக்கு மேல உட்காரட்டும்னு செஞ்ச அளவு அது. இடுப்புல ஒண்ணும் கட்டாத நமக்கு அதோட பெல்ட் வயித்துல ஏறி நிக்கும். உங்க உயரத்துக்கும் மாட்டிப் பார்க்காம முடிவு பண்ணாதீங்க. கடையில சும்மா மாட்டாதீங்க, ஆறு பெரிய தண்ணி போத்தலை உள்ள போட்டு, ஒன்றரை லிட்டர்னா 9 கிலோ, பத்து நிமிஷம் பசாரைச் சுத்துங்க.

இன்னொண்ணு. பெர்கன் பக்கப் பைகளோட ஆளை விட அகலம். ரோத்தான் (காட்டுப் பிரம்பு) முள் ரெண்டு பக்கமும் இழுக்கும். பக்கப் பையைக் கழட்டி வீட்டுல வச்சிட்டு வந்தா சரி. ஆலிஸ்ல வெளிப் பைக்குப் பின்னால சுரங்கம் மாதிரி ஒரு வழி இருக்கு, பாராங் (காட்டுக் கத்தி) உறையோட அதுல இறங்கிடும்.

ஆயர்ஈத்தாம்_அக்கா:
தம்பி, ஆலிஸ் வாங்குனா அதோட பழைய தோள்வாரோட தாஹான் போகாதீங்க. 1973ல அமெரிக்கா பட்டாளம் எடுத்துக்கிட்ட சாமான் அது. இடுப்புப் பட்டை பேக் ஆடாம இருக்கத்தான், பாரம் முழுக்கத் தோள்லதான். நுவாங்கோட பாங்சூன் பாதையில அந்த முடிவில்லாத மரலாரி ரோடு முடியுறதுக்குள்ளயே கை மரத்துப்போகும்.

ஃபிரேமை வச்சுக்கிட்டு வாரை மட்டும் மாத்துங்க. ஆலிஸுக்கு அப்புறம் வந்த அமெரிக்கப் பட்டாளச் சாமான் மோலி. அதோட தோள்வாரும் இடுப்பு பெல்ட்டும் தனித்தனியா பழசுல கிடைக்கும். அமெரிக்கர்கள் இந்தக் கலவையை ஹெல்கேட்னு சொல்வாங்க. வேண்டியது: 25 மில்லி நைலான் நாடா 40 செண்டில நாலு துண்டு, அதுக்கு நாலு டிரைகிளைடு பக்கிள் (நாடா நீளத்தை மாத்திப் பிடிக்கிற பக்கிள்), சோதனைக்கு 8 மில்லி அகலத்துல கேபிள் டை ஆறு, பழைய சைக்கிள் டியூப் ஒண்ணு.

பழைய வார், இடுப்புப் பட்டை ரெண்டையும் கழட்டிடுங்க. ஃபிரேமோட கீழ்க் குறுக்குப் பட்டையில சைக்கிள் டியூப்பைச் சுத்துங்க. இது கீச்சுச் சத்தத்தையும் நிறுத்தும், உலோகம் பெல்ட்டை அறுக்கிறதையும் நிறுத்தும். பெல்ட்டோட முதுகுத் திண்டை அந்தப் பட்டை மேல வச்சு, நடுவுல இருந்து ரெண்டு பக்கமும் ஒரே தூரத்துல ரெண்டு ரெண்டு டை. தோள்வாரை மேல் குறுக்குப் பட்டையில மாட்டி, மேலே போற சின்ன இழுவார் ரெண்டையும் ஃபிரேமோட மேல் மூலையில கட்டுங்க. இந்த இழுவார் தோள்ல இருந்து மேல் நோக்கிச் சாய்ஞ்சு போகணும். படுக்கையா இருந்தா வேலை செய்யாது. குள்ளமான ஆளுக்கு ஃபிரேம் தலை தோளுக்கு மேல நிக்கிறதால இது நல்லாவே அமையும், உயரமான ஆளுக்குத்தான் கஷ்டம்.

10 கிலோ அரிசி மூட்டையை உள்ள போட்டு முதல்ல பெல்ட்டை இடுப்பெலும்பு மேல பூட்டுங்க, அப்புறம் தோள்வார். தோள்வாருக்கும் தோளுக்கும் நடுவுல ஒரு விரல் தாராளமா நுழைஞ்சா பாரம் இடுப்புக்கு இறங்கிடுச்சு. இடம் சரியா அமைஞ்ச பிறகு கேபிள் டையை வெட்டிட்டு நாடாவும் பக்கிளும் போடுங்க. டையோட விட்டா வெயில்ல காய்ஞ்சு ஒருநாள் டப்புன்னு விடும், வெட்டுன முனை கத்தி மாதிரி பையைக் கிழிக்கும்.

தையல் விட்ட இடம் இருந்தா 69ஆம் நம்பர் பாண்டட் நைலான் நூல், 18ஆம் நம்பர் ஊசி. வீட்டு மெஷின் திணறும், ரோட்டோரச் செருப்புத் தைக்கிறவர்கிட்டக் கொடுங்க. பருத்தி நூல் மட்டும் வேணாம்னு வாய்விட்டுச் சொல்லிடுங்க, நம்ம ஈரத்துல அது இத்துப்போகும்.

நுவாங்_நடையன்:
அக்கா சொன்னதோட மழையையும் சேர்த்துக்குங்க. பட்டாளத்து பேக் எதுவும் தண்ணி புகாத பேக் இல்ல. ஆலிஸோட அடியில பித்தளைக் கண் வச்சிருக்கிறதே உள்ள வந்த தண்ணி வெளியே போகத்தான். அதை டேப்பு போட்டு அடைக்காதீங்க, ஆத்துல இறங்கி ஏறுனா பேக் வாளியாயிடும். கனமான பாலித்தீன் பை ரெண்டை ஒண்ணுக்குள்ள ஒண்ணு போட்டு பேக்குக்கு உள் உறையா வைங்க. தூங்குற துணி, மாத்துத் துணி எல்லாம் உள் பையில. வாயை முறுக்கி, மடக்கி, ரப்பர் பேண்ட். சமையல் பாத்திரம், கூடாரத் துணி ரெண்டு பைக்கும் வெளியே.

வாங்குனதும் ஒரு கணக்குப் பாருங்க. காய்ஞ்ச பேக்கை நிறுத்துட்டு, ஒரு தொட்டியில முக்கி, கால் மணி நேரம் வடிய விட்டு மறுபடி நிறுங்க. அந்த வித்தியாசம் மழை நாள்ல நீங்க சும்மா சுமக்கிற எடை. திண்டு ஸ்பாஞ்ச் மாதிரி குடிச்சா அதைப் பிடுங்கிட்டு நுரைப் பாய் துண்டு வெட்டி வைங்க.

மெராப்போ கேட்ல உள்ள போறப்பவும் வர்றப்பவும் சாமானை எண்ணுவாங்க. ஆலிஸ்ல வெளிப் பையே ஆறு. எதுல என்னன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதி மேல் மூடியில வச்சா கியூவுல நிக்கிற மத்தவங்க உங்களைத் திட்ட மாட்டாங்க.

தோட்டத்து_மச்சான்:
இறைச்சி விஷயம். மாமா லைசன்ஸ் மாமா பேருக்கு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2010ம் சரி, ஆயுதச் சட்டம் 1960ம் சரி, கூட வர்ற உங்களுக்கு அதுல பங்கு இல்ல. துப்பாக்கியை ஒரு நிமிஷம் பிடின்னு சொன்னாலும் கை நீட்டாதீங்க. நீங்க சுமக்கிற ஆள், அவ்வளவுதான்.

சுமக்கிறதுக்கு ஆலிஸ்தான், பெர்கன் வேணாம். பையைக் கழட்டிட்டு வெறும் ஃபிரேம்ல கட்டலாம். இந்த ஃபிரேமுக்குன்னே எல் வடிவத்துல ஒரு தட்டு உண்டு, அடியில மாட்டுனா பாரம் அது மேல உட்காரும். தட்டு கிடைக்கலன்னா கயிறை அடிக் குழாய்ல இருந்து சிலுவையா இழுத்துக் கட்டணும். இறைச்சி தோள்பட்டை உயரத்துல, முதுகோட ஒட்டி இருக்கணும். கீழ தொங்குனா ஒவ்வொரு அடிக்கும் பின்னால இழுக்கும். பிளாஸ்டிக் பையில போடாதீங்க, சூட்டுல வேர்த்துப் புளிச்சிடும். பழைய பெட்ஷீட் தைச்ச பை போதும், கார்ல ஐஸ் பெட்டி தயாரா இருக்கட்டும். ரத்தம் பட்ட நாடாவைப் பச்சைத் தண்ணியில ஊற வைங்க, சுடு தண்ணி ஊத்துனா கறை பிடிச்சுக்கும். குளோராக்ஸ் (பிளீச்) வேணாம், நைலானைத் தின்னுடும்.

பன்றி ஏறுன ஃபிரேமையும் வாரையும் தாஹானுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க. மலாய்க்கார மாலிமோ (மலை வழிகாட்டி) கூட்டாளியோ உதவிக்குன்னு கை வைப்பாங்க, சொல்லாம விடுறது மரியாதை இல்ல. பன்றிக்குத் தனி ஃபிரேம் ஒண்ணு வச்சுக்குங்க. 2021ல இருந்து ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நம்ம நாட்டுல இருக்கு, அந்தச் செருப்போடயும் பேக்கோடயும் பன்றிப் பண்ணைப் பக்கம் கால் வைக்காதீங்க.

கெப்போங்_கரடி:
நிறத்தைப் பத்தி ஒரு வரி. வெறும் பச்சை போதும். நம்ம பட்டாளம் இப்ப போடுற டிசைன்ல பேக்கும் சட்டையும் சேர்த்துப் போட்டு வேஷம் கட்டாதீங்க, தண்டனைச் சட்டத்துல 140ஆவது பிரிவு அதுக்குன்னே இருக்கு. பச்சை பேக்கைக் காட்டுல கீழ வச்சா பத்தடி தள்ளி நின்னாலும் தெரியாது. மேல் மூடியில ஆரஞ்சு நாடா ஒரு முழம் கட்டுங்க. ராத்திரி தோட்டத்துப் பக்கம் நடந்தா அது ரொம்பவே முக்கியம், வெடிக்காரங்க நடமாடுற இடம்.

ஜெலுத்தோங்பையன்:
எல்லாருக்கும் நன்றி. ஆலிஸை இன்னிக்குக் காலையில திருப்பிப் பார்த்தேன். லேபிள்ல டிஎல்ஏ100-87-சின்னு இருக்கு, ஃபிரேம் கோடு ஏதும் இல்ல, உள் கயிறும் இருக்கு. ஆனா உள்பக்கம் விரல் ஒட்டுது, வாடையும் அடிக்குது. 110க்கு இறங்கி வந்தார். அந்தப் பூச்சை எப்படி எடுக்கிறது? எடுத்த பிறகு புதுசா பூசணுமா?

ஆயர்ஈத்தாம்_அக்கா:
110னா எடுங்க. 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் அரை லிட்டர் போத்தல் ரெண்டு, நைலான் பிரஷ், ரப்பர் கையுறை. வாசல்ல, காத்தோட்டமா, பக்கத்துல அடுப்பு சிகரெட் இல்லாம. முதல்ல ஒரு மூலையில தேய்ச்சு துணியோட சாயம் வருதான்னு பாருங்க. பையை உட்புறமா திருப்பி, ஒரு முழம் இடத்தை நனைச்சு, அஞ்சு நிமிஷம் விட்டு, பிரஷ்ஷால தேய்ச்சா பூச்சு உருண்டை உருண்டையா வரும். மொத்தத்தையும் ஒரேடியா நனைச்சா பாதி காய்ஞ்சு மறுபடி ஒட்டிக்கும். மடிப்புலயும் தையல் ஓரத்துலயும்தான் அதிகம் தங்கும், அங்க பழைய டூத் பிரஷ். வாஷிங் மெஷின்ல போடாதீங்க, பிசின் டிரம்முல ஒட்டி அடுத்த வேட்டியெல்லாம் வீணாகும். வெதுவெதுப்பான தண்ணி, பாத்திரச் சோப்பு, ரெண்டு தடவை அலசி, நிழல்ல ரெண்டு நாள். வெயில்ல போட்டு மறந்துட்டா நைலான் பலவீனமாகும்.

பூசுறது கட்டாயம் இல்ல, நடையன் சொன்ன ரெட்டைப் பை இருந்தா போதும். பூசியே ஆகணும்னா சிலிக்கோன் பூசலாம், ஆனா அது ஏறுன துணியில அப்புறம் வேற பசையோ தையல் டேப்போ ஒட்டாது. அதனால ஓட்டை, ஒட்டு, தையல் எல்லாத்தையும் முதல்ல முடிச்சிடுங்க. வச்சிருக்கும்போது பிளாஸ்டிக் பைக்குள்ள கட்டி வைக்காம, வாயைத் திறந்து ஆணியில தொங்க விடுங்க.