அப்பா கட்டிய மீன்குளத்தை அம்மா தனியாகப் பார்த்துக்கொள்ளும்படி மாற்ற வேண்டும், வழி சொல்லுங்கள்

கொல்லைப்புறம் (கேள்வி):

வணக்கம். கும்பகோணம் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு சிமெண்ட் மீன்குளம் இருக்கிறது. 2014-இல் அப்பா கட்டியது. 12 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி ஆழம். பாதி தரைக்குக் கீழே, பாதி மேலே. தண்ணீர் இரண்டரை அடி நிற்கும். உள்ளே 11 கோய் மீன்கள் (அழகுக்கு வளர்க்கிற வண்ணக் கெண்டை), ஒவ்வொன்றும் ஒரு அடிக்குக் கிட்ட. தரை முழுக்கக் கூழாங்கல் பரப்பியிருக்கிறது. ஸ்பாஞ்ச் வைத்த மோட்டார் ஒன்று தண்ணீருக்குள்ளேயே கிடக்கும்.

போன வருடம் அப்பா தவறிவிட்டார். நான் கோயம்புத்தூரில் வேலை செய்கிறேன், மாதம் ஒரு முறைதான் வர முடிகிறது. அம்மாவுக்கு 67 வயது, முழங்கால் வலி. மூன்று நாளுக்கு ஒரு தடவை ஸ்பாஞ்ச் அடைத்துக்கொள்கிறது. சுவர் மேல் சாய்ந்து, தோள் வரைக்கும் கையை விட்டு மோட்டாரைத் தூக்குகிறார். போன ஞாயிறு நான் தூக்கினேன். கருப்பாகக் குழம்பு மாதிரி வழிந்தது, அழுகிய முட்டை நாற்றம். தண்ணீர் எப்போதும் பச்சை. விடிகாலை ஐந்து மணிக்குப் போனால் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயை வட்டமாகத் திறந்து திறந்து மூடுகின்றன.

சொந்தக்காரர்கள் மண்ணைப் போட்டு மூடிவிடச் சொல்கிறார்கள். அம்மாவுக்கு மனசே இல்லை, எனக்கும் இல்லை. அம்மாவின் காலடி கேட்டாலே அத்தனை மீனும் துவைக்கிற கல் பக்கம் வந்து கூடிவிடும். பெரிய மோட்டாராக வாங்கிப் போட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார் கடைக்காரர். அது போதுமா? அம்மா குனியாமல், தண்ணீருக்குள் கை விடாமல் பார்த்துக்கொள்ள முடிந்தால் போதும்.

மாடித்தோட்டம்:

பச்சைத் தண்ணீருக்கு மயில்துத்தம் ஒரு சிட்டிகை கரைத்து ஊற்றுங்கள் அக்கா. எங்கள் தொட்டியில் இரண்டே நாளில் பாசி போய்விட்டது.

கொளத்தூர் மீன்காரன்:

அக்கா, மயில்துத்தம் வேண்டவே வேண்டாம். அதில் இருப்பது செம்பு. பாசியைக் கொல்கிற அளவுக்கும் மீனைக் கொல்கிற அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. மீனே இல்லாத தொட்டி என்றால் வேறு பேச்சு. மீன் தப்பித்தாலும், பாசி ஒரேயடியாகச் செத்து அழுகும்போது இருக்கிற கொஞ்ச ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும்.

விடிகாலையில் மீன் வாய் பிளப்பதற்குக் காரணமும் ஆக்சிஜன் குறைவதுதான். பகலில் வெயில் பட்டுப் பாசி ஆக்சிஜன் விடும். ராத்திரியில் பாசியும் மீனும் அடியில் அழுகுகிற சகதியும் சேர்ந்து அதே ஆக்சிஜனைத் தின்னும், விடியும்போது கணக்கில் ஒன்றும் மிஞ்சாது. இன்றைக்கே ஒரு ஏர் பம்ப் வாங்கி ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். கரண்ட் போனாலும் ஓடுகிற பேட்டரி வகை நல்லது. தீனியைப் பாதியாகக் குறையுங்கள்.

இன்னொன்று, ரொம்ப முக்கியம்: மீன் உள்ளே இருக்கும்போது கூழாங்கல்லைக் கிளறாதீர்கள். கல்லுக்கு அடியில் காற்றுப் படாமல் அழுகியதில்தான் அந்த முட்டை நாற்றம் வருகிறது. அந்த வாயு தண்ணீரில் கலந்தால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் மிதக்கும்.

பழைய மேஸ்திரி:

பெரிய மோட்டார் எதற்கும்மா? இப்போது உங்கள் மோட்டார் செய்கிற வேலை கழிவை அரைத்துத் திரும்பக் குளத்திலேயே விடுவது. பெரிதாகப் போட்டால் இன்னும் பொடியாக அரைக்கும். குளத்தில் வாட்டமே இல்லை, அதுதான் குறை. குளியலறைத் தரைக்கு வாட்டம் பார்க்கிறோம், மீன்குளத்துக்கு யாரும் பார்ப்பதில்லை. அழுக்கு தானாக ஒரு மூலைக்கு வந்து வெளியே போக வேண்டும், அப்புறம்தான் மோட்டார்.

மீனை வேறு இடத்துக்கு மாற்றிய பிறகு, முதலில் கூழாங்கல் மொத்தத்தையும் வெளியே எடுங்கள். திரும்பப் போடவே கூடாது.

அப்புறம் தரை. ஒரு ஓரத்தில் ஏழு இஞ்ச், எதிர் ஓரத்தில் ஒரு இஞ்ச் வருகிற மாதிரி கான்கிரீட் சரிவாகப் போட்டு, மேலே வாட்டர் ப்ரூஃபிங் கலந்த பூச்சு. நீளம் 12 அடிக்கு ஆறு இஞ்ச் வாட்டம் தாராளம். தாழ்ந்த ஓரத்தில் ஒரு அடிக்கு ஒரு அடி கிண்ணம் மாதிரி பள்ளம் விட்டு, அங்கிருந்து சுவரைத் துளைத்து மூன்று இஞ்ச் பைப், வெளியே வால்வு. உங்கள் குளத்தில் இப்போது 5,100 லிட்டர் இருக்கும். தரை உயர்வதால் 4,400 ஆகும். அந்த இழப்பு தேவலை.

பைப் போய்ச் சேர்வது 200 லிட்டர் நீல டிரம்மில். டிரம்மின் வாய் குளத்துத் தண்ணீர் மட்டத்துக்கு மூன்று இஞ்ச் மேலே நிற்கும்படி குழி எடுத்து, சுற்றிலும் செங்கல் வைத்துக் கட்டிவிடுங்கள். மோட்டார் இல்லாமலேயே குளமும் டிரம்மும் ஒரே மட்டமாக நிற்கும். முதல் டிரம்மில் கழிவு அடியில் தங்கும். மேல் பக்கமாக ஒரு பைப் போட்டு இரண்டாவது டிரம்முக்கு விடுங்கள். அதில் நைலான் ஸ்க்ரப்பர், பழைய மீன்வலைத் துண்டு, பாட்டில் மூடி எல்லாம் வலைப்பையில் கட்டித் தொங்கட்டும். மோட்டார் அங்கேதான், தெளிந்த தண்ணீரில். தண்ணீரைக் குளத்தின் மேட்டு ஓரத்தில் விட்டால் அந்த வேகமே அழுக்கைப் பள்ளத்துக்குத் தள்ளிவிடும்.

இரண்டு மணி நேரத்தில் குளம் ஒரு சுற்று வந்தால் போதும், அதாவது மணிக்கு 2,200 லிட்டர். உயரத்துக்குத் தள்ளும்போது வேகம் குறையும் என்பதால் 4,000 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். 40 வாட் என்றால் நாளுக்கு ஒரு யூனிட்.

இதை மறக்க வேண்டாம்: மோட்டாரை டிரம் அடியில் வைக்காதீர்கள். தண்ணீர் மட்டத்துக்கு ஒரு அடி கீழே தொங்கவிடுங்கள். வெளியே போகிற பைப் எங்காவது கழன்றுவிட்டால் ஒரு அடித் தண்ணீர்தான் போகும். அடியில் இருந்தால் குளமே காலி. கரண்ட் லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் கரண்டைத் துண்டிக்கிற சுவிட்ச்) கட்டாயம்.

கொல்லைப்புறம்:

மேஸ்திரி அண்ணா, ரொம்ப நன்றி. இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை. இரண்டு சந்தேகம். முதல் டிரம்மை அம்மா எப்படிக் காலி செய்வார்? வேலை முடியும் வரை மீன்களை எங்கே வைப்பது? புதுச் சிமெண்டில் மீன் சாகும் என்கிறார்களே?

பழைய மேஸ்திரி:

குளத்து வால்வை மூட வேண்டும். முதல் டிரம்மிலேயே கழிவு இறைக்கிற சின்ன மோட்டார் ஒன்று நிரந்தரமாக இருக்கட்டும், சுவிட்ச் மார்பு உயரத்தில். இரண்டு நிமிடத்தில் 200 லிட்டரும் தென்னம்பாத்திக்குப் போய்விடும். காலியானதும் வால்வை ஒரேயடியாகத் திறக்கச் சொல்லுங்கள். அந்த வேகத்தில் பைப்புக்குள் தங்கியதும் அடித்துக்கொண்டு வந்துவிடும். வால்வுக்கு நீளக் கைப்பிடி போட்டால் குனிய வேண்டாம்.

கொளத்தூர் மீன்காரன்:

புதுச் சிமெண்டில் சுண்ணாம்பு இறங்கி பிஹெச் (தண்ணீரின் அமில-கார அளவு) 10-க்கு மேலேயும் போகும். மீன் தாங்காது. எங்கள் பக்கம் வாழைத்தண்டை நறுக்கிப் போட்டு ஊற விடுவார்கள். நான்கு நாள் ஊறவிட்டு இறக்கி, மறுபடி நிரப்பி, இப்படி மூன்று நான்கு தடவை. அப்புறம் அளந்து பார்த்து பிஹெச் 8.5-க்குக் கீழே நின்றால் மட்டும் மீனை விடுங்கள்.

அதுவரை 1,000 லிட்டர் தொட்டி இரண்டு, குளத்துத் தண்ணீரையே நிரப்பி, நிழலில். ஏர் பம்ப் நிற்கவே கூடாது. தீனி நாலைந்து நாளுக்கு ஒரு முறை கொஞ்சம். தொட்டிக்கு மேல் வலை கட்டுங்கள், புது இடத்தில் கோய் துள்ளிக் குதிக்கும். மீனை வலையால் தூக்காதீர்கள், செதில் உரியும். அகலமான பேசினைத் தண்ணீரோடு நுழைத்து எடுங்கள்.

பழைய ஸ்பாஞ்சைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றுகிற பாக்டீரியா அதில்தான் இருக்கிறது. குளத்துத் தண்ணீரில் அலசி, மீன் இருக்கிற தொட்டியில் போட்டு வைத்து, பிறகு இரண்டாவது டிரம்முக்கு மாற்றுங்கள். இனி டிரம்மில் இருப்பதையும் குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது. குளோரின் பட்டால் பாக்டீரியா செத்துவிடும்.

கொல்லைப்புறம் (ஏழு வாரம் கழித்து):

ஆடி முடிந்ததும் வேலையைத் தொடங்கினோம். கூழாங்கல் மட்டும் 23 சாக்கு வந்தது. கல்லுக்கு அடியில் விரல் ஆழத்துக்குக் கருஞ்சேறு. சிமெண்ட் ஊறலுக்கு வாழைத்தண்டோடு நான்கு தடவை தண்ணீர் மாற்றினோம். 11 மீனும் பிழைத்துவிட்டன. முந்தாநாள் அம்மா என்னை வீடியோவில் கூப்பிட்டு, நின்றபடியே வால்வைத் திருப்பி, சுவிட்சைத் தட்டிக் காட்டினார். தேநீர் நிறத்தில் தண்ணீர் தென்னைக்கு ஓடியது. கொஞ்ச நேரத்தில் டிரம் அடி தெரிந்தது. அப்பா ஒட்டிய மீன் ஓடு ஒன்று உள்சுவரில் இருக்கிறது, ஐந்து வருடத்துக்குப் பிறகு அது கண்ணுக்குத் தெரிகிறது.

மீன் விட்டுப் பத்து நாள் ஆகிறது. நேற்று அம்மோனியா அளக்கிற கிட்டில் லேசாகப் பச்சை, அதாவது கொஞ்சம் அம்மோனியா, காட்டியது. பயப்பட வேண்டுமா?

கொளத்தூர் மீன்காரன்:

பயம் வேண்டாம், ஆனால் விடவும் கூடாது. புது டிரம்மில் பாக்டீரியா போதுமான அளவு வளர நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். இன்று கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். போர் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு என்பதால் துளை போட்ட பைப் வழியாகத் தூவி விடுங்கள். இரண்டு நாளுக்குத் தீனியே வேண்டாம். அதற்கப்புறம் மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுதான்.

பழைய மேஸ்திரி:

ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறதம்மா. மேல் மட்டத்தில் இரண்டு இஞ்ச் ஓவர்ஃப்ளோ பைப் போட்டு வாயில் வலை கட்டிவிடுங்கள். இல்லையென்றால் ராத்திரி மழையில் மட்டம் ஏறி டிரம் வாய் வழியாகத் தண்ணீர் வழியும். கூரைத் தண்ணீர் குளத்தில் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

கொல்லைப்புறம்:

சரி அண்ணா, சனிக்கிழமை ஊருக்கு வருகிறேன். பைப் வாங்கிக்கொண்டே வருகிறேன்.