விட்ட மீன் பிழைத்ததா? போர்ட்லாண்ட் சூரைப் பயண அனுபவங்கள்

வணக்கம் நண்பர்களே. மே மாதப் பயணத்தின் படங்களைப் பலர் கேட்டிருந்தீர்கள், போடுகிறேன். அதற்கு முன், படத்தில் சிரித்துக்கொண்டு நாங்கள் பிடித்திருக்கும் ஒரு மீனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து மெல்பர்னில் கிளம்பி, நாலரை மணி நேரம் ஓட்டி, நள்ளிரவில் போர்ட்லாண்ட் போய்ச் சேர்ந்தோம். காலை ஐந்தரைக்குப் படகை இறக்கினோம். நாலு பேரும் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டோம், அவசரச் சமிக்ஞைக் கருவியைப் பார்த்துக்கொண்டோம், எப்போது திரும்புவோம் என்று கரையில் இருப்பவர்களுக்குச் சொல்லிவிட்டோம். இன்னொன்றையும் கரையிலேயே பேசி முடித்தோம். விக்டோரியாவில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 2 தெற்கு புளூஃபின் சூரை வைத்துக்கொள்ளலாம். நாலு பேருக்கு எட்டு. எங்களுக்கு எட்டு எதற்கு? இரண்டு போதும், அதற்கு மேல் வந்தால் விட்டுவிடலாம் என்று முடிவு.

கேப் நெல்சன் தாண்டியதும் கேனட் பறவைகள் கூட்டமாகத் தலைகீழாகப் பாய்வது தெரிந்தது. அந்தக் கடலில் கோடையில் தென்கிழக்குக் காற்று ஆழத்துக் குளிர்ந்த நீரை மேலே இழுத்து வரும். அதனால்தான் அங்கே இவ்வளவு தீனி. நீலத் திமிங்கிலமே அதற்காக வருகிறது, சூரை வராதா? ஆறு நாட் வேகத்தில் நாலு லூர் (செயற்கை இரை) இழுத்தோம். எட்டு மணிக்குள் 16 கிலோ, 18 கிலோ என்று இரண்டு மீன் ஐஸ் பெட்டிக்குள் போய்விட்டன.

மூன்றாவது மீன் என் அக்கா மகன் பிடித்தது. பதினாலு வயது, அவனுக்கு முதல் சூரை. அவன் கைக்கு ஏற்றது என்று சின்ன ராடைக் கொடுத்திருந்தோம். மீன் கிட்ட வரவே நாற்பது நிமிடம் ஆனது. வந்ததும் ஒரே சந்தோஷம். தூக்கிப் படகுக்குள் போட்டோம். அவனுடன் ஒரு படம், மாமாவுடன் ஒரு படம், வெயிலுக்கு எதிரே நின்றதால் இன்னொரு படம். அப்புறம் வாலைப் பிடித்துக் கடலில் விட்டோம். அது நீந்தவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து, வெள்ளை வயிறு தெரிய, மெதுவாகக் கீழே போனது. பையன் எட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "மாமா, அது பிழைச்சுக்குமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. சூரை வாயைத் திறந்தபடி நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளில் தண்ணீர் ஓடும், மூச்சும் ஓடும். நின்றால் மூச்சு இல்லை. இது எனக்குப் பத்து வருடமாகத் தெரியும். தெரிந்தும் மூன்று படம் எடுத்தேன்.

அதனால் கேட்கிறேன். நீங்கள் விட்ட மீன்களை, விட முடியாமல் போன மீன்களைப் பற்றி எழுதுங்கள். எடையும் படமும் வேண்டாம், என்ன நடந்தது என்று சொல்லுங்கள்.

ஜீலாங்கிலிருந்து:

அண்ணே, இதை நான் இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. மூன்று வருடத்துக்கு முன் ஜூன் மாதம். நாங்கள் தேடிப் போனது 15 கிலோ மீன்களை, கையில் இருந்ததும் அதற்கேற்ற, 15 கிலோ இழுவை தாங்கும் லைன். கடித்தது நூறு கிலோவைத் தாண்டிய மீன். ரீலில் இருந்த முக்கால்வாசி லைனை ஒரே ஓட்டத்தில் எடுத்துக்கொண்டு போனது.

மூன்று மணி நேரம். ஆள் மாற்றி ஆள் பிடித்தோம். இரண்டாவது மணியிலேயே இதை விட்டுவிடுவோம் என்று பேசிக்கொண்டோம், இவ்வளவு பெரிய மீனை வைத்து என்ன செய்வது என்று. கடைசி அரை மணி நேரம் லைனில் துடிப்பே இல்லை, வெறும் பாரம். மீன் ஆழத்திலேயே செத்துவிட்டது. செத்த மீனைத்தான் அங்குலம் அங்குலமாக மேலே தூக்கிக்கொண்டிருந்தோம்.

கரையில் எடை போட்டபோது எல்லோரும் கைகொடுத்தார்கள். வெட்டிப் பார்த்தால் நடுமுள்ளை ஒட்டிய சதை வெளிறிப்போய், பாதி வெந்தது போல இருந்தது. மற்ற மீன் மாதிரி இல்லை சூரை. அதன் உடம்புச் சூடு கடல்நீரைவிட அதிகம், நீண்ட நேரம் போராடினால் அந்தச் சூடு இன்னும் ஏறும், சதை கெடும். பெரிய பங்கு வீணானது. நாற்பது வயது வரை வாழக்கூடிய மீன். அது என் பிள்ளைகளைவிட மூத்ததாக இருந்திருக்கலாம்.

அதற்கப்புறம் பெரிய மீன் சீசனில் 37 கிலோ லைன், ராடின் பாரத்தை உடம்பில் தாங்கும் ஹார்னஸ் இல்லாமல் நான் படகு ஏறுவதில்லை. சின்ன ராடில் பெரிய மீன் பிடிப்பதைச் சிலர் வீரமாகப் பேசுகிறார்கள். அதன் விலையைக் கொடுப்பது மீன்தான். போன வருடம் ஏறக்குறைய அதே அளவு மீன், முப்பத்தைந்து நிமிடத்தில் படகருகே வந்தது. தண்ணீரிலேயே வைத்து முதுகில் அடையாளக் குச்சி குத்தினோம். நியூ சவுத் வேல்ஸ் மீன்வளத் துறை 1973 முதல் நடத்தும் திட்டம் அது. கிளப் மூலமாக அட்டை வாங்கி, நாள், இடம், நீளம் எழுதி அனுப்பினால் போதும். லீடரை, அதாவது கொக்கியை ஒட்டிய தடித்த லைனைப் பிடித்தபடி, படகை மெதுவாக முன்னே செலுத்தி, மீனின் வாயில் தண்ணீர் ஏற விட்டோம். மூன்று நான்கு நிமிடத்தில் வாலை ஒரு தட்டுத் தட்டியது பாருங்கள், என் முகமெல்லாம் உப்புத் தண்ணீர். அந்தத் தட்டுக்கு முன் கொக்கியைக் கழற்றாதீர்கள். பையனுக்கு அதைக் காட்டுங்கள்.

டான்டினாங்கிலிருந்து:

தம்பி, எல்லாரும் விட்ட மீனைப் பற்றிக் கதைக்கிறீர்கள். வைத்துக்கொண்ட மீனைப் பற்றி நான் சொல்கிறேன், அதையும் வீணாக்கினால் என்ன பிரயோசனம்?

எங்கள் ஊர் பருத்தித்துறைப் பக்கம், அப்பா கடலுக்குப் போனவர். இங்கே வந்து முதன்முதல் சூரைக்குப் போன ஆட்கள் எங்கள் வீட்டுக்கு ஒரு பெரிய துண்டு கொண்டுவந்து தந்தார்கள். படகில் ஐஸ் இடம் போதாமல் ஈரச் சாக்கால் மூடி வைத்தார்களாம், ஐந்து ஆறு மணி நேரம். நான் நல்ல பழப்புளி விட்டு, உறைப்பாகக் குழம்பு வைத்தேன். சாப்பிட்டு அரை மணியில் இவருக்கு முகம் கழுத்தெல்லாம் சிவந்து, தலையிடி, நெஞ்சு படபடப்பு. மகளுக்கும் அப்படியே. மீன் ஒவ்வாமை என்றுதான் நினைத்தோம். டாக்டர்தான் விளக்கினார். சூரை சூட்டில் கிடந்தால் அதற்குள் ஹிஸ்டமின் உண்டாகும், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. மணத்திலும் தெரியாது. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

அதன் பிறகு நானும் கிளப்பில் சேர்ந்து, மீன் கையாளும் வேலையை எனக்கென்று எடுத்துக்கொண்டேன். மீன் ஏறியவுடன் தலையில், இரண்டு கண்ணுக்கும் சற்றுப் பின்னே நடுவில் மென்மையான ஒரு இடம் இருக்கும், அங்கே கூரான கம்பியை இறக்கினால் மூளை உடனே நின்றுவிடும். துடிக்க விடக்கூடாது, பாவம். பிறகு பக்கத் துடுப்பை உடம்போடு மடித்து, அதன் அடியிலிருந்து இரண்டு மூன்று விரல் பின்னால் ஆழமில்லாத ஒரு வெட்டு, இரண்டு பக்கமும். இரத்தம் தானாக வடியும். செவுளையும் குடலையும் எடுத்துவிட்டு, ஐஸும் கடல்நீரும் கலந்த குழம்பில் முழு மீனையும் தாழ்த்துவேன். வெறும் ஐஸின் மேல் கிடத்தினால் ஒரு பக்கம்தான் குளிரும்.

நீங்கள் கொண்டுவந்த அந்த 18 கிலோ மீன் நாலு குடும்பத்துக்குப் போனது. வயிற்றுப் பகுதியில் கொழுப்பு அதிகம், அதைக் குழம்பில் போட்டு மறைக்காதீர்கள். உப்பு மிளகு போட்டு, தாச்சியில் இரண்டு பக்கமும் காட்டி எடுத்தால் போதும். பக்கவாட்டில் ஓடும் கறுத்த சதைதான் தூள்கறிக்குச் சரி. தலையைக் கூழுக்குப் போட்டேன். முள்ளைத் தவிர ஒன்றும் குப்பைக்குப் போகவில்லை. அடுத்த முறை யாராவது எட்டு மீன் கொண்டுவந்தால் நான் தொடமாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

வெரிபீயிலிருந்து:

சுருக்கமாக ஒன்று. கடல்நாய் பக்கத்தில் இருந்தால் சூரையை விடாதீர்கள், தூண்டிலையும் எடுத்துவிடுங்கள். போன சீசனில் நாங்கள் அழகாக நீந்தவிட்ட மீன் பத்து மீட்டர் கூடப் போகவில்லை. இரண்டு கடல்நாய் படகின் அடியிலேயே காத்திருந்தன. களைத்த மீன் அவற்றுக்குச் சுலபம். படகைப் பின்தொடரப் பழகிவிட்டன. அன்று நாங்கள் ஏழெட்டுக் கிலோமீட்டர் தள்ளிப் போன பிறகுதான் மறுபடி லூர் போட்டோம்.

பாயின்ட் குக்கிலிருந்து:

அண்ணே, எனக்கு வேறு ஒரு கேள்வி. என் ஊர் தூத்தூர். எங்கள் ஆட்கள் தூண்டிலை நம்பியே அரபிக்கடல் முழுக்கப் போய்ச் சுறாவும் கேரை என்ற சூரையும் பிடிப்பவர்கள். இங்கே நான் மீனைப் பிடித்துவிட்டு விடுகிறேன் என்று போனில் சொன்னதும் அப்பாவுக்குக் கோபம். "தேவைக்குப் பிடி, இல்லைன்னா கரையில இரு. விளையாட்டுக்கு எதுக்கு அதோட வாயைக் கிழிக்கிற?" என்றார். அன்று எனக்கும் கோபம் வந்தது. இப்போது அவர் பக்கம்தான் நியாயம் கூடுதல் என்று தோன்றுகிறது.

டாஸ்மேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விளையாட்டு மீன்பிடிப்பில் பிடித்த புளூஃபின்களுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தி விட்டுப் பார்த்தார்கள். சாதாரணக் கொக்கியில் சிக்கியவற்றில் நூற்றுக்குச் சுமார் 83 பிழைத்தன. மும்முனைக் கொக்கி என்றால் சுமார் 60தான். 83 நல்ல எண்தான், நம் கிளப்பிலும் அதைப் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் மீன் நன்றாகக் கடிக்கும் நாளில் ஒரு படகு 20 மீன் பிடித்து 20ஐயும் விட்டால், மூன்று நான்கு மீன் எங்கோ ஆழத்தில் செத்திருக்கும். யார் கணக்கிலும் வராது. இரண்டு மீனைக் கொன்று வீட்டுக்கு எடுத்துப்போய் நிறுத்திக்கொண்டவர் அதைவிடக் குறைவாகத்தான் எடுத்திருக்கிறார்.

இந்த மீனுக்கு அந்தக் கணக்கு முக்கியம். உலகத்தில் இந்த வகைச் சூரை முட்டையிடுவது ஒரே இடத்தில்தான், ஜாவாவுக்குத் தெற்கே, ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் இருக்கும் கடல். அங்கே பிறந்து மேற்குக் கரையோரமாக இறங்கித் தெற்கே வருகிறது. 1961-ல் உலகமெங்கும் சேர்த்து 80,000 டன்னுக்கு மேல் பிடித்தார்கள். 2011 மதிப்பீட்டில் முட்டையிடும் மீன்களின் அளவு பழைய நிலையில் 5% பக்கம் வந்துவிட்டது. நாடுகள் சேர்ந்து ஒதுக்கீட்டை வெட்டிய பிறகுதான் 2020-ல் 20% ஆனது. 2021-ல் உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் அதை அழிவின் விளிம்பு நிலையிலிருந்து ஒரு படி இறக்கி, ஆபத்து நிலைக்கு மாற்றியது. பெரிய கப்பல்காரர்கள் விட்டுக்கொடுத்ததால் மீண்ட மீன். சனிக்கிழமை மட்டும் போகும் நாம், விடத்தானே போகிறோம் என்று சொல்லிக்கொண்டு நாளெல்லாம் பிடிக்கலாமா?

விடும் முறையைக் கற்றுக்கொள்ள வேண்டும், சரி. ஜீலாங் அண்ணன் சொன்னது ஒவ்வொன்றும் சரி. நான் கேட்பது, எத்தனை முறை விடலாம் என்பதற்கும் ஒரு எண் வைப்போமா என்று.

மறுபடி நான், முதல் பதிவு எழுதியவன்:

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். பையனுக்கும் படிக்கக் கொடுத்தேன். அக்கா, நீங்கள் சொன்ன ஐஸ் குழம்பு விஷயத்தில் நாங்கள் தப்பித்தது உங்களால்தான், நீங்கள் கட்டிக்கொடுத்த பெட்டியைத்தான் கொண்டுபோனோம்.

தூத்தூர் தம்பி கேட்ட கேள்வியை ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எடுத்தோம். ஒரு மணி நேரம் விவாதம். சிலருக்கு ஒப்புதல் இல்லை. இவ்வளவு டீசல் செலவழித்துப் போய் ஒன்பது மணிக்கே தூண்டிலைச் சுருட்டுவதா என்றார்கள். அவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, போர்ட்லாண்ட் பக்கத்து ஊரா என்ன? கடைசியில் இந்த சீசனுக்கு ஒரு ஏற்பாடு. ஒரு படகுக்கு வைத்துக்கொள்வது இரண்டு, விடுவது மூன்று, அதோடு சூரைத் தூண்டில் நின்றுவிடும். பிறகு நேரம் இருந்தால் ஆழ்கடல் விளிம்பை விட்டுக் கரைப்பக்கம் வந்து சாப்பாட்டுக்கு ஃபிளாட்ஹெட் மீன் பிடிக்கலாம். மும்முனைக் கொக்கி படகில் ஏறவே கூடாது, அதில் யாருக்கும் மறுப்பு இல்லை. விடப்போகும் மீனைத் தண்ணீரை விட்டு எடுக்கக் கூடாது. படம் வேண்டும் என்றால் குனிந்து தண்ணீரில் எடுக்க வேண்டும்.

ஜூன் கடைசி சனிக்கிழமை காற்று ஒத்துழைத்தால் போகிறோம். இரண்டு படகு, ஏழு பேர். 37 கிலோ ராட் இரண்டு என்னிடம் இருக்கிறது, ஹார்னஸ் ஒன்றுதான், ஜீலாங் தம்பி இன்னொன்று கொண்டுவரவும். ஐஸ் அக்கா பொறுப்பு. பையனும் வருகிறான். இந்த முறை ராட் வேண்டாமாம். லீடரைப் பிடித்து மீனைத் தண்ணீரில் இழுத்துப் போகும் வேலையைத் தனக்குத் தரச் சொல்கிறான். கையுறை அவன் அளவுக்கு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.