துவங்காத கணினியிலிருந்து, ஊருக்குப் போகாமலே கோப்புகளை மீட்க முடியுமா?

பொதிகைச்சாரல் (கேள்வி):

வணக்கம். தென்காசியில் இருக்கும் என் அப்பாவின் மேசைக் கணினி, ஒரு மின்தடைக்குப் பிறகு விண்டோஸுக்குள் நுழையவில்லை. நீலத் திரை வருகிறது, தானாகப் பழுதுநீக்க முயல்கிறது, மறுபடியும் நீலத் திரையிலேயே வந்து நிற்கிறது. விண்டோஸ் 10, 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க். அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவர் பல ஆண்டுகளாகத் தட்டச்சு செய்து சேர்த்த கட்டுரைகளும், நிலப் பத்திரங்களின் ஸ்கேன் பிரதிகளும், குடும்பப் படங்களும் அதில் மட்டுமே உள்ளன. உள்ளூர்க் கடையில் ஃபார்மட் செய்து தருவதாகவும் கோப்புகளுக்குப் பொறுப்பேற்க முடியாது என்றும் சொன்னதால், அவர் கணினியை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். நான் புனேயில் இருக்கிறேன்; உடனே கிளம்ப இயலாத நிலை. லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவைக் கூரியரில் அனுப்பி, அதிலிருந்து கணினியைத் துவக்கச் செய்து, இங்கிருந்தே கோப்புகளை எடுக்க வழியுண்டா?

தாமிரபரணி:

வழியுண்டு. ஆனால் அதற்கு முன் டிஸ்க் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். கணினியை ஒருமுறை இயக்கி, பெட்டியருகே காதை வைத்துக் கேட்குமாறு அப்பாவிடம் சொல்லுங்கள். சீரான இடைவெளியில் 'டக் டக்' என்ற ஒலி வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். அது இயந்திரப் பழுதாக இருக்கக்கூடும், அதற்குத் தரவு மீட்பு ஆய்வகம்தான் இடம். ஒலி இல்லையென்றாலும், விண்டோஸை மீண்டும் மீண்டும் துவக்கிப் பார்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள். தானியங்கிப் பழுதுநீக்கம் டிஸ்க்கில் எழுதும். நலிந்த டிஸ்க்கில் புதிதாக எதுவும் எழுதப்படாமல் இருப்பதே இப்போது முக்கியம்.

கருவூலம்:

நண்பரே, தொலைவிலிருந்து இயக்குவது வேறு, கோப்புகளைத் தொலைவுக்குக் கொண்டுவருவது வேறு. முதலாவதைச் செய்யுங்கள், இரண்டாவதை இயன்றவரை தவிருங்கள். வினாடிக்கு 20 மெகாபிட் பதிவேற்ற வேகம் கிடைத்தாலும் 40 ஜிகாபைட் வந்துசேர நாலரை மணி நேரம் ஆகும். குடும்பப் படங்கள் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். எனவே பென் டிரைவோடு 2 டெராபைட் வெளி டிஸ்க் ஒன்றையும் அனுப்பி, நகலெடுப்பை அங்கேயே நடத்துங்கள். அவசரமான பத்திரங்களை மட்டும் இணையம் வழியே இழுத்துக்கொள்ளலாம்.

அப்பா செய்ய வேண்டிய வேலை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. லினக்ஸ் மின்ட்டை, செய்த மாற்றங்கள் அழியாமல் தங்கும் சேமிப்புப் பகுதியுடன் பென் டிரைவில் ஏற்றுங்கள். அதில் எஸ்எஸ்எச் சேவையகத்தையும் (தொலைவிலிருந்து கட்டளையிட உதவுவது) டெயில்ஸ்கேலையும் (தொலைவிலுள்ள கணினிகளை ஒரே தனி வலையமைப்பாக இணைக்கும் மென்பொருள்) நிறுவி, கணினி துவங்கியதும் இரண்டும் தாமாக ஓடும்படி அமைத்து, திரை அணைந்து கணினி உறங்கிப்போகாதபடியும் மாற்றி, உங்கள் கணினியிலேயே முழுதாகச் சோதித்த பிறகு அனுப்புங்கள். வீட்டு இணைப்புகள் பலவும் சிஜிநாட்டுக்கு (பல வீடுகள் ஒரே பொது இணைய முகவரியைப் பகிரும் ஏற்பாடு) பின்னால் இருப்பதால் வெளியிலிருந்து நேரடியாக உள்ளே வர இயலாது. டெயில்ஸ்கேல் இரு முனைகளிலிருந்தும் வெளிநோக்கி இணைவதால் ரூட்டரில் எதையும் திறக்க வேண்டியதில்லை. பென் டிரைவ் கைமாறிப் போகக்கூடியது என்பதால் கடவுச்சொல்லை நம்பாமல் உங்களிடம் மட்டும் இருக்கும் சாவிக் கோப்பைக் கொண்டே உள்நுழைவை வையுங்கள். வேலை முடிந்ததும் அந்தக் கருவியை டெயில்ஸ்கேல் கணக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும்.

அப்பா, எதிலிருந்து துவங்குவது என்று கேட்கும் பூட் மெனுவுக்கான விசையை அழுத்திப் பென் டிரைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டெல், லெனோவோவில் அது பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9. அசெம்பிள் செய்த கணினியானால் மதர்போர்டைப் பொறுத்து எஃப்8, எஃப்11, எஃப்12 ஆகியவற்றில் ஒன்று. லேன் கேபிள் இல்லையென்றால் ஆண்ட்ராய்டு கைபேசியை யுஎஸ்பி டெதரிங்கில் (கைபேசியின் இணையத்தைக் கேபிள் வழியே கணினிக்குத் தரும் வசதி) இணைத்தால் போதும். திரையில் தெரியும் 'இன்ஸ்டால்' படவுருவை மட்டும் தொடவே கூடாது என்று அழுத்திச் சொல்லுங்கள்.

உள்ளே நுழைந்ததும் முதலில், டிஸ்க் தன் நலம் பற்றித் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள். நிலுவைச் செக்டர் (வாசிக்க முடியாமல் நிற்கும் சிறு பகுதிகள்), மாற்றப்பட்ட செக்டர் (பழுதாகி மாற்றிடம் தரப்பட்டவை) என்ற இரு எண்களும் பூஜ்யமானால், விண்டோஸ் பகுதியை வாசிப்புக்கு மட்டும் ஏற்றி (எதுவும் எழுதாதபடி திறந்து), ஆர்சிங்க் என்ற நகலெடுப்பு நிரலைக் கொண்டு வெளி டிஸ்க்குக்கு நகலெடுக்கலாம். விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' (விரைந்து துவங்கும் வசதி) காரணமாக அந்தப் பகுதி முழுமையாக மூடப்படாமல் இருந்தாலும், வாசிப்புக்கு மட்டும் ஏற்றுவதற்குத் தடையில்லை. பகுதி, விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி தேவை. அது அப்பாவின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவையுங்கள்.

ஏட்டுச்சுவடி:

ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். தமிழ்நாடு அரசு 2010இல் யுனிகோடைத் தரமாக ஏற்பதற்கு முன் தட்டச்சான கட்டுரைகள் பெரும்பாலும் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில்தான் இருக்கும். உங்கள் அப்பாவின் கோப்புகளும் அப்படியானால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறக்கும்போது வெறும் ஆங்கில எழுத்துக் குவியலே தெரியும். ஆவணங்களை எடுக்கும்போதே விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' கோப்புறையையும் முழுதாக எடுத்துவிடுங்கள். பின்னர் யுனிகோடுக்கு மாற்றவும் எது எந்த எழுத்துரு என்பது தெரிந்தாக வேண்டும்.

பொதிகைச்சாரல்:

மிக்க நன்றி. ஒலி எதுவும் இல்லை. பென் டிரைவ் போய்ச் சேர்ந்து, இணைப்பும் கிடைத்துவிட்டது. ஆனால் நிலுவைச் செக்டர் 24 என்று காட்டுகிறது. அங்கே மின்சாரம் அடிக்கடி போகிறது, யுபிஎஸ்ஸும் பழையது. நடுவில் அணைந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

கருவூலம்:

வேண்டாம். நிலுவைச் செக்டர் இருப்பதால் ஆர்சிங்க்கைத் தள்ளிவைத்து, குனூ டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரல் மூலம் டிஸ்க் முழுவதையும் ஒரே பிம்பக் கோப்பாக (டிஸ்க்கின் அப்படியே நகல்) வெளி டிஸ்க்குக்கு எடுங்கள். முதல் சுற்றில் பழுதான இடங்களைத் துருவாமல் தாண்டிப் போகும்படி இயக்கி, நல்ல பகுதிகள் கைக்கு வந்தபின் அடுத்த சுற்றில் மீதியை முயலுங்கள். எதுவரை வாசித்தது என்பதை அது ஒரு மேப் கோப்பில் குறித்துக்கொண்டே போகும். அந்த மேப் கோப்பையும் வெளி டிஸ்க்கிலேயே வையுங்கள். மின்சாரம் போய் வந்தபின் அதே பிம்பக் கோப்பையும் மேப் கோப்பையும் கொடுத்து மீண்டும் இயக்கினால், ஏறக்குறைய விட்ட இடத்திலிருந்தே தொடரும். ஆனால் மறுமுறை துவங்கும்போது டிஸ்க்குகளின் பெயர்கள் இடம் மாறியிருக்கலாம். எது பழைய டிஸ்க், எது புதியது என்பதைத் தொடர் எண்ணை வைத்து உறுதிசெய்துகொண்ட பிறகே கட்டளையை இடுங்கள்.