பம்ப் மூடியின் கை ஸ்கெட்ச் ஃப்ரீகேடில் மாடலாக வரமாட்டேன் என்கிறது, உதவி தேவை

பட்டறைப்பையன்:
வணக்கம். கோவையில் ஒரு சின்ன பம்ப் சர்வீஸ் பட்டறையில் இருக்கிறேன். பழைய மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருக்கும் வகை) ஒன்றில் சக்‌ஷன் பக்க மூடி விரிசல் விட்டுவிட்டது, மாற்றுப் பாகம் எங்கும் கிடைக்கவில்லை. புதிதாக வார்க்கலாம் என்றால், மணலில் அச்சு எடுக்கும் மாதிரியைச் செய்யும் பேட்டர்ன் கடையில் 3டி மாடல் கொண்டுவரச் சொல்கிறார்கள். எங்கள் ஃபோர்மேன் கோடு போட்ட நோட்டில் பென்சிலால் வரைந்து அளவெல்லாம் எழுதிக் கொடுத்தார். அதை போனில் படம் எடுத்து, இன்க்ஸ்கேப் என்ற வரைபட மென்பொருளில் டிரேஸ் பிட்மேப் (படத்தைக் கோடுகளாக மாற்றுவது) போட்டு, டிஎக்ஸ்எஃப் என்ற வரைபட ஃபைலாக்கி, 3டி மாடல் செய்யும் ஃப்ரீகேடில் திறந்தால் எல்லாமே கோளாறு. ஒவ்வொரு கோடும் இரண்டிரண்டாக வருகிறது, நோட்டின் கோடுகளும் கூடவே வந்து நிற்கின்றன. 160 மில்லி இருக்க வேண்டிய வெளிவட்டம் 6.3 என்று காட்டுகிறது. போல்ட் ஓட்டைகள் முட்டை வடிவம். பேட் (ஸ்கெட்சுக்குத் தடிமன் கொடுப்பது) கொடுத்தால் வயர், அதாவது வெளிக்கோடு, மூடவில்லை என்று எரர். எங்கிருந்து சரி செய்ய ஆரம்பிப்பது?

பழைய_மைக்ரோமீட்டர்:
6.3-ஐ 25.4-ஆல் பெருக்கிப் பாருங்கள், 160 வரும். ஃபைல் இஞ்ச் கணக்கில் வெளியே போயிருக்கிறது, அவ்வளவுதான். கோடு இரண்டாக வருவதற்குக் காரணம், பென்சில் கோட்டுக்கும் ஒரு தடிமன் உண்டு, டிரேஸ் அதன் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொள்கிறது. இன்க்ஸ்கேப்பில் நடுக்கோடு எடுக்கும் வசதியும் இருக்கிறது, ஆனால் பென்சில் படத்தில் அது துண்டு துண்டாகத்தான் வரும். ஓட்டை முட்டையானது போன் சாய்ந்திருந்ததால். மூலையில் கோடுகள் தொட்ட மாதிரி தெரிந்தாலும் பெரிதாக்கிப் பார்த்தால் நடுவே இடைவெளி இருக்கும், பேட் அங்கேதான் மாட்டுகிறது.

இதையெல்லாம் உட்கார்ந்து சரி செய்தாலும் கடைசியில் உங்களுக்குக் கிடைப்பது ஃபோர்மேனின் கை நடுக்கத்தின் நகல்தான் தம்பி. அவர் வட்டத்தைக் கோணலாகப் போட்டிருப்பார், ஆனால் பக்கத்தில் 160 என்று சரியாக எழுதியிருப்பார். நமக்கு வேண்டியது அந்த எண். டிஎக்ஸ்எஃப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, தாளில் உள்ள எண்களை இங்கே அப்படியே தட்டுங்கள்.

பட்டறைப்பையன்:
டிரேஸ்தான் சுலபமான வழி என்று ஒரு வீடியோவில் பார்த்தேன் அண்ணா, அதனால்தான். எண்கள் இவை: வெளி விட்டம் 160. நடு உடம்பு 118. போல்ட் மாட்ட மூன்று காது, காதின் ஆரம் 15, ஓட்டை 13. ஒரு ஓட்டை மையத்திலிருந்து அடுத்த ஓட்டை மையம் 112.5. பம்ப் பாடிக்குள் நுழையும் ஸ்பிகாட் 95 விட்டம், 18 நீளம். பிளான்ஜ் (உடம்பும் காதும் சேர்ந்த தட்டு) தடிமன் 12. வெளிப்பக்க பாஸ் (மேடு) 80 விட்டம், 7 உயரம். நடு போர் (துளை) 50. மொத்த உயரம் 38. பிசிடி (ஓட்டை மையங்கள் எல்லாம் உட்காரும் வட்டத்தின் விட்டம்) எங்குமே எழுதவில்லை.

கோடும்_வட்டமும்:
பிசிடி எழுதாததற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. நாலு ஓட்டை, ஆறு ஓட்டை என்றால் எதிரெதிர் ஓட்டைகளை வெர்னியரில் பிடித்துவிடலாம், மூன்றுக்கு எதிர் ஓட்டையே கிடையாதே. அடுத்தடுத்த மையத் தூரத்தை சைன் 60-ஆல் வகுத்தால் பிசிடி. 112.5-ஐ 0.866-ஆல் வகுத்தால் 129.9, அதாவது 130 வைத்துத்தான் செய்திருப்பார்கள். இன்னொரு பக்கத்திலிருந்தும் சரிபார்க்கலாம்: 130-இல் பாதி 65, அதோடு காதின் ஆரம் 15 சேர்த்தால் 80, இரண்டு மடங்கு 160. வெளி விட்டம் அச்சாக உட்காருகிறது. அதனால் 130 என்று தைரியமாகப் போடுங்கள்.

மாடல் கட்டும் வரிசை: முதலில் பாஸ், 118 உடம்பு, ஸ்பிகாட் மூன்றையும் ஒரே அரைப் புரொஃபைலாக வரைந்து அச்சைச் சுற்றி ரிவால்வ் செய்யுங்கள் (சுழற்றி உருவம் ஆக்குவது). ஒரு காதை மட்டும் தனி ஸ்கெட்சில் வரைந்து 12 மில்லி பேட், ஓட்டையும் ஒன்றே போதும், பிறகு போலார் பேட்டர்னில் (வட்டமாகச் சுற்றி நகலெடுப்பது) மூன்று. ஸ்கெட்சில் முதலில் தோராயமாகக் கோடு போட்டுவிட்டு அப்புறம் அளவு கொடுங்கள், எல்லா அளவும் கட்டுக்குள் வந்தால் ஸ்கெட்ச் பச்சையாகும். பச்சை வராமல் பேட் கொடுக்காதீர்கள், நாளைக்கு ஒரு எண்ணை மாற்றும்போது எந்தக் கோடு எங்கே ஓடும் என்று தெரியாது.

இன்னொன்று, அளவெல்லாம் நன்றாக இருந்தாலும் உயரம் இடிக்கிறதே, 7 + 12 + 18 என்றால் 37. தாளில் 38 என்றல்லவா இருக்கிறது?

பாலி_மெக்கானிக்கல்:
நண்பரே இவ்வளவு சுற்றுவது எதற்கு, இப்போதெல்லாம் படத்தை ஏஐயிடம் கொடுத்தால் மாடலே தந்துவிடுகிறது.

பழைய_மைக்ரோமீட்டர்:
தரும், பார்க்கவும் அழகாக இருக்கும். அந்த 37-க்கும் 38-க்கும் நடுவே எதை எடுத்தது என்று மட்டும் சொல்லாது. ஸ்பிகாட் ஒரு மில்லி மாறினால் உள்ளே இம்பெல்லருக்கு விட்ட இடைவெளியும் மாறும், ஒன்று உரசும், இல்லாவிட்டால் தண்ணீர் ஏறாது.

டிரேஸே கூடாது என்று நான் சொல்லவில்லை. அலங்கார கிரில், எழுத்து, அளவே இல்லாத வளைவு எல்லாவற்றுக்கும் அதுதான் சரி. கேஸ்கெட்டை பிளாட்பெட் ஸ்கேனரில் வைத்து 300 டிபிஐயில் எடுத்தால் ஒரு பிக்சல் சுமார் 0.085 மில்லி, வெளிக்கோட்டுக்கு அது தாராளம். அப்போதும் பக்கத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைத்தே ஸ்கேன் எடுங்கள். ஃப்ரீகேட் 0.21-க்கு மேல் என்றால் படத்தை நேரடியாக இம்போர்ட் செய்து அந்த ஸ்கேலை வைத்து அளவு பொருத்திக்கொள்ளலாம், பிறகு அதன் மேலேயே வரையலாம்.

தம்பி, அந்த ஒரு மில்லியை ஊகித்து எங்கும் சேர்க்காதீர்கள். உடைந்த மூடி கையில்தானே இருக்கிறது, அதையே அளங்கள்.

பட்டறைப்பையன்:
அளந்தேன் அண்ணா. பிளான்ஜின் உள்முகத்தில் பழைய பேக்கிங் பேப்பர் கருப்பாக ஒட்டிக் கிடந்தது, இரும்போடு இரும்பாக இருந்ததால் கண்ணுக்கே தெரியவில்லை. பிளேடால் சுரண்டியதும் ஸ்பிகாட் 19 வந்தது. ஃபோர்மேன் வெர்னியரின் டெப்த் கம்பியைப் பேக்கிங் மேல் வைத்து அளந்திருக்கிறார் போல. பிளான்ஜை ஓரத்தில், பேக்கிங் பிய்ந்த இடத்தில் பிடித்திருக்கிறார், அதனால் 12 சரிதான். இப்போது 38 கணக்கு ஒத்துப்போகிறது. நீங்கள் சொன்ன வரிசையிலேயே போட்டேன், ஸ்கெட்ச் பச்சையானது, ரிவால்வும் காதுகளும் வந்துவிட்டன. உயரத்தில் 38-ஐயும் கொடுத்தால் அளவு அதிகம் என்று சிவப்பாகிறது, அதை விட்டுவிடலாமா?

கோடும்_வட்டமும்:
விட்டுவிடுங்கள். மூன்று படி அளவும் கொடுத்த பிறகு மொத்தம் தானாகவே வருவது, இரண்டையும் கட்டினால் சிவப்பாகத்தான் செய்யும். பார்வைக்கு வேண்டுமென்றால் அதை ரெஃபரன்ஸ் அளவாக மாற்றி வையுங்கள், கட்டுப்படுத்தாது, எண்ணை மட்டும் காட்டும். எப்போதாவது அது 38 இல்லாமல் போனால் எதையோ தொட்டுவிட்டீர்கள் என்று உடனே தெரியும்.

மரப்பேட்டர்ன்:
ஒரு நிமிடம், இந்த மாடலை அப்படியே பேட்டர்ன் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள், இது லேத்தில் கடைந்து முடித்த பிறகு இருக்க வேண்டிய அளவு. ஒரு நகல் எடுத்துக்கொண்டு அதில் வேலை செய்யுங்கள். லேத்தில் ஓடும் முகங்களுக்கு, அதாவது ஸ்பிகாட் வெளிப்பக்கம், அதன் முனை, பிளான்ஜ் உள்முகம், பாஸ் மேல்முகம், போர் எல்லாவற்றுக்கும் சுமார் 3 மில்லி மெட்டல் விடுங்கள், விட்டத்தில் என்றால் அது 6. போரில் மட்டும் அதைக் கழிக்க வேண்டும், கூட்டிவிடாதீர்கள். 13 ஓட்டை மாடலிலேயே வேண்டாம், மூடிவிடுங்கள், வார்த்த பிறகு டிரில் போட்டுக்கொள்ளலாம். பேட்டர்ன் மணலிலிருந்து கழன்று வர நிற்கும் சுவர்களுக்கு ஒன்றிரண்டு டிகிரி டேப்பர். இதெல்லாம் முடிந்த பிறகு கடைசியாக முழுதையும் 1.01 மடங்கு பெரிதாக்குங்கள், வார்ப்பிரும்பு ஆறும்போது கிட்டத்தட்ட ஒரு சதவீதம் சுருங்கும். சுருக்கத்தை அவர்களே சேர்ப்பதாக இருந்தால் நீங்கள் சேர்க்காதீர்கள், இரண்டு பேரும் சேர்த்துவிட்டால் 160 வெளி விட்டம் 163-க்கு மேல் போய் நிற்கும். ஃபைல் அனுப்பும் முன் அதை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பட்டறைப்பையன்:
கேட்டேன் சார், சுருக்கம் அவர்களே சேர்த்துக்கொள்கிறார்களாம். டேப்பரும் கடைசல் அளவும் மட்டும் கொடுத்து, கடைந்து முடித்த அளவிலுள்ள மாடலையும் கூடவே ஸ்டெப் ஃபைலாக (3டி மாடல் பரிமாறும் ஃபைல்) அனுப்பிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.